பொங்கல் வாரத்தில் உடற்பயிற்சிக்கு விடுமுறை விடலாமா?

மருதநிலம்:
மார்கழிக் கடைசியானால் இந்தப் பேச்சு வந்துவிடும். எங்கள் நடைப்பயிற்சி வாட்ஸ்அப் குழுவில் இந்த முறை ஒரு சவால் வைத்திருக்கிறார்கள். போகி முதல் காணும் பொங்கல் வரை ஒரு நாளும் விடாமல் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும், நன்றி சொல்ல மூன்று விஷயங்களைத் தினமும் எழுதிப் போட வேண்டும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நான்கு நாளும் விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

பொங்கலே நன்றி சொல்கிற பண்டிகைதான். சூரியனுக்கு ஒரு நாள், மாட்டுக்கு ஒரு நாள் என்று ஒதுக்கிக் கொண்டாடுகிறோம். புது அரிசி பானையில் பொங்கி வரும்போது கைக்கடிகாரத்தில் அடிக்கணக்கு பார்த்துக்கொண்டு நிற்பவர் மனதில் விளைச்சலுக்கு இடம் எங்கே இருக்கும்? உடம்பும் கெட்டுவிடாது. நான்கைந்து நாள் ஓய்வில் தசை வலு இறங்காது, அதற்கு இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அமெரிக்காவில் 195 பேரின் எடையைப் பார்த்து 2000இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி முற்பகுதி வரை, விருந்துக்கு மேல் விருந்து நடக்கும் அந்தக் காலத்தில் ஏறிய எடை சராசரியாக 0.37 கிலோதான்.

காலைநடை:
அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லுங்கள் நண்பரே. ஏறிய அந்த எடை அடுத்து வந்த மாதங்களில் இறங்கவில்லை. ஒரு வருடத்துக்குச் சின்னக் கணக்கு, பத்து வருடத்துக்கு அப்படி இல்லை.

அப்புறம், நம் ஊர் நிலைமை வேறு. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023இல் சொன்னது. என் அப்பாவும் அதில் ஒருவர். பண்டிகை அன்று "வெல்லம்தானே, சீனியா போட்டிருக்கிறோம்?" என்று இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் இலையில் விழும். வெல்லத்திலும் பெரும்பங்கு சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதில் பெரிய வித்தியாசம் கிடையாது. சாப்பிட்டபின் கால் மணி நேரம் மெதுவாக நடந்தால்கூட வேலை செய்யும் தசைகள் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், ஏற்றம் மட்டுப்படும். இப்படிப்பட்டவரிடம் போய் நான்கு நாள் விடுங்கள் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று, நான்கு நாள் என்று சொல்லி விடுபவர்கள் ஐந்தாம் நாள் வருவதில்லை. எங்கள் மைதானத்தில் கண்கூடாகப் பார்க்கிறேன், சிலர் தைப்பூசம் தாண்டித்தான் தலைகாட்டுகிறார்கள். சிலர் அப்படியே நின்றுவிடுகிறார்கள். தொடர்ச்சி விட்டுப்போவதுதான் என் கவலை.

அடுப்பங்கரை:
நீங்கள் இரண்டு பேரும் பேசுகிற விடுமுறை யாருக்கு? போகிக்கு முன்பே பரணில் இருக்கும் பித்தளைப் பாத்திரங்களை இறக்கிப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். தை முதல் நாள் விடியுமுன் எழுந்து, வாசல் தெளித்து, கோலத்துக்கு ஒரு மணி நேரம் குனிந்தபடியே நிற்க வேண்டும். எல்லாரும் சாப்பிட்டுக் கரும்பைக் கடித்துத் துப்பிவிட்டுப் போனபின், அடிப்பிடித்த பானையைச் சுரண்டுவதும் வாசலில் கிடக்கும் சக்கையைப் பெருக்குவதும் யார்?

எனக்கு அந்த வாரத்தில் ஓய்வு கிடையாது, நடையும் கிடையாது. வருடம் முழுவதும் எனக்கென்று இருப்பது காலையில் அரை மணி நேரம் நடப்பதுதான். பண்டிகை வந்தால் முதலில் பறிபோவதும் அதுதான். வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். வேலை முடிந்தால் முதுகு வலிக்கிறது. நடந்து வந்தால் மனசு லேசாகிறது. அதனால் நான் காலைநடை அண்ணன் பக்கம்.

மருதநிலம்:
வேலையைப் பங்கிடுவதில் எனக்கு மறுபேச்சு இல்லை அக்கா. ஆனால் நன்றியைப் பட்டியல் போட்டு, படம் பிடித்து, குழுவில் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரியவர்கள் காலில் விழுந்து எழுகிறோமே, அதில் இல்லாதது அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது?

காலைநடை:
பட்டியலைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிட வாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கூடுதலாக உடற்பயிற்சி செய்ததாகச் சொன்னார்கள். மனசும் கால்களும் ஒன்றையொன்று இழுத்துப் போகும்.

விதைநெல்:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். அதே கட்டுரையில் அடுத்த ஆய்வும் உண்டு. அதில் தினமும் எழுதச் சொன்னார்கள், சுமார் இரண்டு வாரம். மனநிலை நன்றாக இருந்தது, ஆனால் உடற்பயிற்சியில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இதைக் காட்டித் தினமும் எழுதச் சொல்வது செல்லாது. விருப்பப்பட்டவர்கள் வாரம் ஒருமுறை எழுதட்டும்.

வள்ளியூர்க்காரன்:
எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பொங்கலும் பயிற்சியும் வேறு வேறு அல்ல. வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். உருண்டையான வழவழப்பான கல், பிடிப்பதற்கு விளிம்பே இருக்காது. குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அணைத்து, முதலில் தொடைக்கு ஏற்றி, அங்கிருந்து நெஞ்சோடு உருட்டித் தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போட வேண்டும். நூறு கிலோவைத் தாண்டிய கற்களும் உண்டு. இப்போது பெண்களும் தூக்குகிறார்கள். பொங்கலுக்கு வெகு நாள் முன்பே பயிற்சியைத் தொடங்கினால்தான் அன்று கல் தோளுக்கு வரும். ஊரே சுற்றி நிற்கும்போது ஊக்கத்துக்குத் தனியாகச் சவால் எதற்கு?

காலைநடை:
கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் ஊரில் கல் தூக்குபவர்கள் சிலர், நின்று பார்ப்பவர்கள் பலர். அந்தப் பலரைப் பற்றித்தான் என் பேச்சு. பயிற்சி இல்லாமல் பண்டிகை உற்சாகத்தில் தூக்கப் போனால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

குழுவில் பேசிப் பத்தாயிரம் அடிக் கணக்கை நான்கு நாளுக்கு எடுத்துவிடச் சொல்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு சுற்று நடக்கலாம். காணும் பொங்கலுக்குப் பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது, பக்கத்துத் தெரு வீடுகளுக்காவது வண்டியை எடுக்காமல் போகலாம். இதற்குமா மறுப்பு?

மருதநிலம்:
காணும் பொங்கல் நடைக்கு வருகிறேன். பார்க்கப் போகிற வீட்டில் பேசி உட்கார நேரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தை முதல் நாள் காலை மட்டும் என்னை எதிர்பார்க்காதீர்கள்.

அடுப்பங்கரை:
மாட்டுப் பொங்கல் அன்று காலை ஆறு முதல் ஏழு வரை நான் நடக்கப் போகிறேன். அந்த ஒரு மணி நேரம் அடுப்பை என் வீட்டுக்காரரும் பையனும் பார்த்துக்கொள்வார்கள், சொல்லியாயிற்று. உங்கள் வீட்டில் யார் நடக்கப் போகிறார்கள் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.