4 வாட் வால்வு ஆம்புக்கு எந்த ஸ்பீக்கர் பொருந்தும்? தவில் அடி விழும்போது சத்தம் கலங்குகிறது

நாயனப்பிரியன்

வணக்கம். ஆறு மாதமாக என்னைப் படுத்தும் ஒரு சிக்கல். கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக் ஒருவர் தொழிலை விடுவதற்கு முன் எனக்காகக் கட்டிக் கொடுத்த வால்வு ஆம்ப் இது. ஸ்டீரியோ. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்பீக்கரை ஓட்டும் வால்வாக ஒரு ஈஎல்84, அதற்கு முன்னால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஓர் ஈசிசி83. வால்வுகள் எல்லாம் பெங்களூரு பெல் தயாரிப்பு, அவர் பல வருடம் டப்பாவில் பத்திரப்படுத்தியவை. "பக்கத்துக்கு நாலு வாட் வரும். அதற்கு மேல் எதிர்பார்க்காதே" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

ஸ்பீக்கர் நான் தனியாக வாங்கியது. அலமாரியில் வைக்கும் அளவுக்குச் சின்னப் பெட்டி, 5 அங்குல வூஃபர். பின்னால் 100 வாட்ஸ், 4 ஓம், 86 டெசிபல் என்று போட்டிருக்கிறது. "100 வாட்ஸ் தாங்குகிற பெட்டிக்கு நாலு வாட்ஸெல்லாம் தூசு" என்று கடையில் சொன்னார்கள். நம்பி வாங்கினேன்.

ஹால் 12க்கு 16 அடி, சிவப்பு சிமெண்டுத் தரை. நான் உட்காருவது 10 அடி தள்ளி. இரவில் மெதுவாக வைத்துக் கேட்டால் அவ்வளவு அருமை. ஆனால் எனக்கு உயிர் நாதஸ்வரம். ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி அருணாசலம் பழைய ஒலிப்பதிவுகள் ஓரளவு சமாளிக்கின்றன. இப்போது பதிவான கச்சேரியில் தவில் தனி ஆரம்பித்தால் போச்சு. தொப்பிப் பக்கம் கழி விழும்போது வர வேண்டிய "தொம்", அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி "டப்" என்று உடைந்து வருகிறது. நாயனமும் கூடவே வாசித்தால், அதே கணத்தில் அதன் ஸ்வரமும் ஒரு முறை கலங்கி நிமிர்கிறது.

வால்வு மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. ஆம்பில் கோளாறா, ஸ்பீக்கரில் கோளாறா? 300பி வால்வு ஆம்ப் வாங்கினால் சரியாகும் என்று நண்பர் சொல்கிறார். விலையைக் கேட்டாலே மலைப்பாக இருக்கிறது.

மின்தடை

நண்பரே, எதையும் வாங்க வேண்டாம். முதலில் ஆம்பின் பின்பக்கம் பாருங்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 4 ஓம், 8 ஓம் என்று தனித்தனி டெர்மினல் இருக்கிறதா? இருந்தால் ஸ்பீக்கர் ஒயர் எதில் மாட்டியிருக்கிறது?

ஏன் கேட்கிறேன் என்றால், ஒற்றை ஈஎல்84 தன் பிளேட்டில், அதாவது வெளியீட்டு முனையில், சுமார் 5,000 ஓம் சுமையைப் பார்த்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். 8 ஓம் டெர்மினலில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அந்தச் சுமை பாதியாகிவிடும். வாட் குறையும், சத்தமும் சீக்கிரமே உடையும்.

மாற்றும்போது ஆம்பை அணைத்துவிட்டு மாற்றுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்பை ஓடவிட்டுப் பாட்டு போடவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோக வாய்ப்பிருக்கிறது. அடிமூடியையும் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 250, 300 வோல்ட் நிற்கும்.

நாயனப்பிரியன்

சார், நீங்கள் கேட்ட கேள்வியே பாதி விடை. இரண்டு பக்கமும் 8 ஓமில்தான் மாட்டியிருந்தேன்! 4 ஓமுக்கு மாற்றிவிட்டேன். வித்தியாசம் தெரிகிறது, நாயனம் முன்னைப் போலக் கலங்குவதில்லை. ஆனால் தவில் இன்னும் உடைகிறது, கொஞ்சம் தாமதமாக.

மின்தடை

அப்படியென்றால் ஆம்பில் கோளாறு இல்லை, அதன் வலு போதவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஊகிக்க வேண்டாம், அளந்தே பார்த்துவிடலாம். மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

நீங்கள் வழக்கமாக வைக்கும் அதிகபட்ச சத்தத்துக்குத் தவில் பதிவைப் போட்டு வால்யூமை நிறுத்துங்கள். பிறகு திருகைத் தொடாமல், அதே ஃபோனிலிருந்து 220 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை விடுங்கள். மைனஸ் 12 டெசிபல் அளவில், அதாவது உச்ச அளவில் கால் பங்காகப் பதிவானதாக இருக்க வேண்டும், இணையத்தில் கிடைக்கும். அது ஓடும்போது ஸ்பீக்கர் டெர்மினலில் ஏசி வோல்ட் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அந்த எண்ணை நான்கால் பெருக்கினால், பதிவின் உச்சத்தில் உங்கள் ஆம்ப் தர வேண்டிய வோல்ட் கிடைக்கும்.

4 ஓமில் 4 வாட் என்றால் உங்கள் ஆம்பின் எல்லை 4 வோல்ட்.

நாயனப்பிரியன்

1.9 வோல்ட் காட்டியது. இரண்டு முறை பார்த்தேன்.

மின்தடை

நான்கால் பெருக்கினால் 7.6 வோல்ட். 4 ஓமில் அது 14 வாட்டுக்கும் மேல். நாலு வாட் ஆம்பிடம் பதினாலு வாட் கேட்கிறீர்கள். உச்சம் வரும் இடமெல்லாம் தவில் அடி, அதனால் அங்கே உடைகிறது.

இப்போது அந்த "100 வாட்ஸ்" விஷயம். அது ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண். வண்டி எத்தனை மூட்டை தாங்கும் என்பது வேறு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது வேறு. உங்களுக்கு வேண்டியது மைலேஜ். அதற்குப் பெயர்தான் சென்சிடிவிட்டி, அந்த 86 டெசிபல். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலும் இந்த எண்ணை 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளக்கிறார்கள். 8 ஓமில் அது சரியாக ஒரு வாட். 4 ஓமில் அதே வோல்ட் இரண்டு வாட். ஆகவே உங்கள் பெட்டி ஒரு வாட்டுக்குத் தருவது 86 அல்ல, 83.

வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும், பத்து மடங்கானால் 10. நாலு வாட் என்றால் 6 கூடும். ஆக ஒரு மீட்டரில் உச்சம் 89. பத்து அடி தள்ளி உட்கார்ந்தால் அதில் ஐந்தாறு போகும், இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து 3 திரும்பி வரும். கையில் நிற்பது 86 பக்கம். ஹாலில் தவில் கேட்கிற மாதிரி வேண்டுமென்றால் இன்னும் 10 டெசிபலாவது வேண்டும்.

300பி வாங்கச் சொன்ன நண்பரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஒற்றை 300பி தருவது சுமார் 8 வாட். நாலை எட்டாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். உங்கள் நாலு வாட் ஆம்பிலேயே 95 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டினால் 12 டெசிபல் கூடும். இப்போதைய பெட்டிக்கு 64 வாட் ஆம்ப் வைத்ததற்குச் சமம்.

பழைய ரேடியோ

தம்பி, மின்தடை சொன்னது அத்தனையும் சரி. எனக்கு வயது அறுபத்தெட்டு. எங்கள் வீட்டு வால்வு ரேடியோவின் கடைசி வால்வும் இதே மூன்று, நான்கு வாட் தருகிற இனம்தான். ஆனால் சமையலறையில் அம்மாவுக்கும் திண்ணையில் அப்பாவுக்கும் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். உள்ளே இருந்த ஸ்பீக்கரின் கோன் லேசான காகிதம், விளிம்பும் காகிதம்தான். விரல் நுனியால் தொட்டால் மடங்கும். அவ்வளவு லேசானதை அசைக்க வாட் எதற்கு?

கோயில் விழாவுக்குத் தென்னைமரத்தில் கட்டுவார்களே குழாய் ஸ்பீக்கர், அதுவும் இதே கதை. தகடு சின்னது, ஆனால் அந்தக் குழாய் காற்றோடு அதை நன்றாகப் பிணைத்துவிடும். சின்ன ஆம்பை வைத்துக்கொண்டு அடுத்த ஊர் வரை கேட்க வைத்தார்கள்.

பிறகு ஏன் இப்படி மாறியது? 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்சர் என்பவர் ஏஆர்-1 என்ற பெட்டியைக் கொண்டுவந்தார். சின்ன மூடிய பெட்டி, அதிலிருந்து ஆழமான பேஸ். அதற்குப் பதிலாக இழந்தது சென்சிடிவிட்டி. அதன் பிறகு டிரான்சிஸ்டர் ஆம்ப் வந்து வாட் மலிவானது, யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிடிவிட்டி இந்த மூன்றில் இரண்டுதான் ஒரு நேரத்தில் கிடைக்கும். உங்கள் ஆம்புக்கு மூன்றாவது கட்டாயம் வேண்டும். ஆகவே பெட்டி பெரிதாகும், இல்லையென்றால் பேஸ் குறையும். வீட்டில் இப்போதே பேசி வையுங்கள்.

மெல்லிசை

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கர் வெறும் 83 டெசிபல் பக்கம்தான். வால்வு ஆம்பில் அதைக் கேட்டுப் பாருங்கள், குரல் அப்படியே உயிரோடு வந்து நிற்கும். டெசிபலை மட்டும் பார்த்து ஸ்பீக்கர் வாங்கினால் காது கிழியும் பெட்டிதான் வீட்டுக்கு வரும்.

மின்தடை

எல்எஸ்3/5ஏ பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் அதன் தடை 15 ஓம், பிந்தைய வடிவத்தில் 11. வால்வு ஆம்புக்குச் சுகமான சுமை. ஒலிப்பதிவு வேனில், கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பேச்சைக் கண்காணிக்கச் செய்த பெட்டி அது. சின்ன அறையில் ஐந்தடி தூரத்தில் வீணை கேட்க நானும் அதைத்தான் சொல்வேன். பத்தடியில் தவிலுக்குச் சொல்ல மாட்டேன்.

உங்கள் பேச்சில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. டெசிபலோடு தடையையும் பார்க்க வேண்டும். 8 ஓம் என்று எழுதிவிட்டு ஏதோ ஓர் அதிர்வெண்ணில் 3 ஓமுக்கு இறங்கும் ஸ்பீக்கர்கள் உண்டு. எந்த இடத்திலும் 6 ஓமுக்குக் கீழே போகாததாகப் பாருங்கள்.

டொராண்டோ வாசன்

நான் யாழ்ப்பாணம், இருப்பது கனடாவில். என்னிடம் 2ஏ3 வால்வு ஆம்ப் இருக்குது, மூன்றரை வாட். தம்பியுடையதிலும் குறைவு. பழைய கிளிப்ஷ் ஹெரசி சோடி ஒன்று வாங்கி ஒன்பது வருசம். 1957இல் போல் கிளிப்ஷ் தொடங்கி வைத்த வடிவம். 12 அங்குலக் காகிதக் கோன், மேலே இரண்டு ஹோர்ன் (ஐயா சொன்ன குழாய் மாதிரி), மூடிய பெட்டி. நாதஸ்வரக் கச்சேரி போட்டால் கோயில் வீதியிலே நிற்கிற மாதிரி இருக்கும். பேஸ் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதிர்பார்க்க வேண்டாம். தவிலுக்கும் நாயனத்துக்கும் அதற்குக் கீழே பெரிதாக ஒன்றும் இல்லை. சுவரோடு ஒட்டி வைத்தால் இன்னும் கனம் வரும்.

ஒரு எச்சரிக்கை. சில நிறுவனங்கள் அறையின் எதிரொலியையும் சேர்த்துத்தான் டெசிபல் எண்ணைப் போடும். 99 என்று கண்டால் மூன்று நான்கைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கோ.

நாயனப்பிரியன்

இங்கே ஹெரசி கிடைத்தாலும் என் கைக்கு எட்டாது அண்ணா. கேட்காமலே எதையும் வாங்கவும் பயமாக இருக்கிறது, ஒரு தடவை ஏமாந்தவன்.

பழைய ரேடியோ

மைக் செட் கடைக்குப் போங்கள். 12 அங்குல வூஃபரும் மேலே சின்ன ஹோர்னும் உள்ள, ஆம்ப் இல்லாத 8 ஓம் பெட்டி இரண்டு, ஒரு நாள் வாடகைக்குக் கேளுங்கள். பெரும்பாலும் 95, 96 டெசிபல் இருக்கும். கல்யாணத்துக்குப் போகிற பெட்டி, நயம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் உங்கள் ஆம்ப் எதற்குத் தகுதியானது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும்.

நாயனப்பிரியன்

ஐயா, நேற்று எடுத்து வந்தேன். 8 ஓம் டெர்மினலில் மாட்டி, அதே பதிவு, அதே இருக்கை. தனி ஆரம்பித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கழி தோலில் படும் சத்தம் வேறு, அதற்குப் பின் உள்ளேயிருந்து எழும் "தொம்" வேறு என்று இரண்டும் தனித்தனியாகக் கேட்டது. வலந்தலையில் விரல் கூடுகள் படபடவென்று விழுவது ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. அதே சோதனை ஒலியை விட்டு அளந்தேன். 0.7 வோல்ட்.

குறை இரண்டு. பெண் குரலில் ஒரு கரகரப்பு. இன்னொன்று, பாட்டு இல்லாத நேரத்தில் "உர்ர்" என்று ஓர் உறுமல். பழைய பெட்டியில் இது இல்லவே இல்லை.

மின்தடை

0.7ஐ நான்கால் பெருக்கினால் 2.8 வோல்ட். 8 ஓமில் அது ஒரு வாட். பதினாலு வாட் கேட்ட அதே தவில் இப்போது ஒரு வாட்டில் முடிந்துவிட்டது. எவ்வளவு நிம்மதியாக இருக்கும் அந்த ஆம்புக்கு!

உறுமல் முன்பும் இருந்தது, உங்கள் ஸ்பீக்கர் அதைச் சொல்லவில்லை. சென்சிடிவிட்டி கூடினால் ஆம்பின் குறையும் சேர்ந்து கேட்கும். அது 50 ஹெர்ட்ஸா 100 ஹெர்ட்ஸா என்று பாருங்கள், ஃபோன் செயலியே காட்டும். 100 என்றால் பவர் சப்ளையின் வடிகட்டும் கெபாசிட்டர் களைத்திருக்கலாம், கட்டிக் கொடுத்தவரிடமே காட்டுங்கள். 50 என்றால் முதலில் ஃபோன், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள்.

நாயனப்பிரியன்

50. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினதும் முக்கால்வாசி போய்விட்டது. மீதி, பெட்டியில் காதை வைத்தால்தான் கேட்கிறது.

மின்தடை

அப்படியென்றால் ஆம்பை அப்படியே விடுங்கள். 12 அங்குல கோஆக்ஸியல் டிரைவர் (பெட்டியில்லாத வெறும் ஸ்பீக்கர்) ஒரு சோடி வாங்கிப் பெட்டி கட்டுங்கள். வூஃபரின் நடுவிலேயே ஹோர்ன் இருப்பதால் பத்தடியில் சத்தம் ஒரே இடத்திலிருந்து வரும். கரகரப்புக்குக் காரணம் பெரும்பாலும் வாடகைப் பெட்டியின் மலிவான கிராஸ்ஓவர், அதாவது சத்தத்தை வூஃபருக்கும் ஹோர்னுக்கும் பிரித்து அனுப்பும் சர்க்யூட். ஹோர்னுக்கு முன்னால் சரியான தடை போட்டு மூன்று நான்கு டெசிபல் இறக்கினால் அடங்கும்.

டிரைவர் விவரத்தாளில் க்யூடிஎஸ் என்ற எண் 0.3 பக்கம் இருப்பதாகப் பாருங்கள். கோன் தன் அசைவை எவ்வளவு கட்டுக்குள் வைக்கும் என்று சொல்லும் எண் அது, குறைந்தால் கட்டுப்பாடு அதிகம். உங்கள் ஆம்பின் உள்தடை 2 ஓம் இருந்தாலே அந்த எண் 0.4க்கு ஏறிவிடும். 0.5 உள்ளதை வாங்கினால் பேஸ் கட்டுப்பாடில்லாமல் ஊதும்.

பழைய ரேடியோ

பெட்டிக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட். மரத்தூள் பலகை வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்கு ஊறிவிடும். உள்ளே எதிரெதிர்ச் சுவர்களை இணைத்து ஒரு குறுக்குக் கட்டை வைக்கச் சொல்லுங்கள். பின்பலகையை ஒட்டாமல் திருகாணியில் நிறுத்துங்கள், பிறகு திறக்க வேண்டியிருக்கும்.

நாயனப்பிரியன்

தச்சரிடம் பேசிவிட்டேன், தை பிறந்து வரச் சொன்னார். டிரைவர் முடிவானதும் விவரத்தாளின் எண்களை இங்கே போடுகிறேன், பெட்டி அளவு பார்த்துச் சொல்லுங்கள். வாடகைப் பெட்டியை இன்னும் இரண்டு நாள் வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறேன்.