பிளாக் கீஸ் டிக்கெட் விற்காமல் போனது வயசாலா, விலையாலா?

சுருதிபேதம்
2024 மே மாதக் கடைசியில் அமெரிக்க ராக் இரட்டையரான பிளாக் கீஸ் தங்கள் வட அமெரிக்க அரீனா (பெரிய உள்ளரங்கு) சுற்றுப்பயணத்தை மொத்தமாக ரத்து செய்த கதை பழசுதான். ஆனால் நேற்று வேறொரு பேச்சுக்கு நடுவில் ஏரிக்கரை, "அது முழுக்க டிக்கெட் கம்பெனிகள் செய்த வேலை, பேண்ட் மேல் தப்பே இல்லை" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போனார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஏப்ரலில் 'ஓஹியோ பிளேயர்ஸ்' வந்தது. பெக், நோயல் கேலகர் என்று பெரிய தலைகள் கூடச் சேர்ந்து எழுதிய ஆல்பம். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை ஊர் ஊராக அரீனா. நான் மே மாதம் இரண்டு மூன்று ஊர்களின் இருக்கை வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். மேல்தட்டு முழுக்க நீலப் புள்ளி, அதாவது விற்காத இருக்கை. அப்புறம் ஒரு வார இறுதியில் தேதிகள் சத்தமில்லாமல் மறைந்தன. சில நாள் கழித்துத்தான், இன்னும் நெருக்கமான இடங்களில் வாசிக்கப்போகிறோம் என்ற பாணியில் ஓர் அறிக்கை. 'நெருக்கமான இடம்' என்றால் சின்ன அரங்கம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2012இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரீனா டிக்கெட்டை நிமிஷக் கணக்கில் விற்றவர்கள் இவர்கள். பன்னிரண்டு வருஷத்தில் கூட்டம் கரைந்துவிட்டது. வயசாகிவிட்டது, அவ்வளவுதான். ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்?

ஏரிக்கரை
வயசா? இந்த பேண்டின் இருவரில் டேன் ஆவர்பாக் பிறந்தது 1979, பேட்ரிக் கார்னி 1980. ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் 1943. நீங்கள் சொல்லும் அதே 2024 கோடையில் ஸ்டோன்ஸ் 80 வயசில் ஸ்டேடியம் ஸ்டேடியமாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுற்றுப்பயணத்துக்கு ஸ்பான்சர் யார் தெரியுமா? ஏஏஆர்பி. ஐம்பது வயசுக்கு மேற்பட்டவர்களுக்கான சங்கம்! வயசானால் டிக்கெட் விற்காது என்பது உண்மையானால் அது நடந்தே இருக்கக்கூடாது.

நான் இருப்பது கிளீவ்லாந்து பக்கம். இவர்களுடைய ஊரான அக்ரான் இங்கிருந்து முக்கால் மணி நேரம். கார்னி வீட்டு நிலவறையில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்து, மினிவேனில் ஊர் சுற்றி மேலே வந்த பையன்கள். இவர்கள் பாட்டுக்கு இங்கே இன்னும் ஆள் இருக்கிறது. அந்த விலைக்குத்தான் ஆள் இல்லை.

சுருதிபேதம்
ஸ்டோன்ஸை எதற்கும் உதாரணம் காட்டாதீர்கள் ஐயா. அங்கே போகிறவன் கச்சேரிக்குப் போகவில்லை, க்ஷேத்திராடனம் போகிறான். இதுதான் கடைசி முறையோ என்ற பயத்தில் 500 டாலரை எண்ணி வைப்பான். பிளாக் கீஸை இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அத்தனை பேருக்கும் தெரியும். நாற்பத்தைந்து என்பதுதான் ராக் பேண்டுக்கு இருப்பதிலேயே மோசமான வயசு. புதுப் பையன் என்ற ஆர்வமும் இல்லை, கிழவர் என்ற பரிவும் இல்லை.

காற்றாடி
ராக் செத்து இருபது வருஷமாச்சு. இன்னும் காரியம் பண்ணலையா நீங்கள்?

வினைல்வித்யா
காற்றாடி, நீங்கள் ஒவ்வொரு விவாதத்திலும் இதே ஒரு வரியைப் போட்டுவிட்டுப் போகிறீர்கள். போங்கள்.

சுருதிபேதம் சார், க்ஷேத்திராடனக் கதையை ரசித்தேன். ஆனால் தி க்யூர் பேண்டை எங்கே வைப்பீர்கள்? அதன் பாடகர் ராபர்ட் ஸ்மித் 1959இல் பிறந்தவர். 2023இல் அமெரிக்கா வந்தபோது பல ஊர்களில் 20 டாலரிலிருந்து டிக்கெட் வைத்தார். தேவையைப் பார்த்து நிமிஷத்துக்கு நிமிஷம் விலை ஏற்றும் முறை வேண்டாம் என்றார். முடிந்த இடங்களிலெல்லாம் டிக்கெட்டைக் கைமாற்றவும் முடியாதபடி செய்தார். அப்படியும் 20 டாலர் டிக்கெட்டுக்கு அதைவிட அதிகமாகக் கட்டணம் சேர்த்திருந்தார்கள். அவர் பொதுவெளியிலேயே கோபப்பட, டிக்கெட் விற்ற டிக்கெட்மாஸ்டர் கம்பெனி 10 டாலரும் 5 டாலருமாகத் திருப்பிக் கொடுத்தது. மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மூன்று இரவு, லாஸ் ஏஞ்சலஸின் 'ஹாலிவுட் போல்' அரங்கில் மூன்று இரவு. கிழவர் என்ற பரிவிலா அவ்வளவு பேர் வந்தார்கள்? விலை கட்டுப்படியானது, வந்தார்கள்.

போன வருஷம் நான் வேறொரு பழைய பேண்டுக்கு டிக்கெட் எடுக்கப் போனேன். முதல் பக்கத்தில் 79 டாலர். பணம் கட்டும் பக்கத்தில் 104. கார் நிறுத்த 40. கணவரிடம் போனைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் அந்த பேண்டின் இசைத்தட்டை எடுத்துச் சுழலவிட்டார்.

மேல்தட்டு_வாசல்
வழக்கமாக இங்கே படிப்பதோடு சரி. ஆனால் வார இறுதிகளில் ஓர் அரீனாவில் இருக்கை காட்டும் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விலையை ஏதோ ஒரு வில்லன் உட்கார்ந்து நிர்ணயிப்பதில்லை. கச்சேரியை நடத்தும் புரமோட்டர் பேண்டுக்கு ஒரு தொகையை உத்தரவாதமாகக் கொடுக்கிறார். செலவு போக மிச்சத்தில் 85 சதவீதம் பேண்டுக்கு, 15 புரமோட்டருக்கு என்பது இந்தத் தொழிலில் பழகிப்போன பங்கு. இரண்டில் எது அதிகமோ அது பேண்டுக்கு. ஆக, உத்தரவாதத் தொகை பெரிதாகப் பெரிதாக அரங்கமும் பெரிதாக வேண்டும், டிக்கெட் விலையும் ஏற வேண்டும். தொகையை முதலில் பேசிவிட்டு, விலையை அதற்கேற்றாற்போல் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறார்கள். பெரிய தொகையைக் கேட்பது யார்? பேண்ட் தரப்பு.

கூட்டம் வராத நாளில் என்ன செய்வோம் என்றால், மேல்தட்டைக் கறுப்புத் திரை போட்டு மூடிவிடுவோம். அங்கே வாங்கியவர்களைக் கீழே இறக்குவோம். ஒரு முறை ஒரு வயசான அம்மா, பேரனோடு வந்திருந்தார். "உங்கள் இருக்கை மாறிவிட்டது, கீழே வாருங்கள்" என்றேன். "நாங்கள் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா தம்பி?" என்று கேட்டார். மேடையிலிருந்து பத்தாவது வரிசையில் உட்கார வைத்தேன். பக்கத்து இருக்கைக்கு மூன்று மடங்கு பணம் கொடுத்தவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவர் இனி எந்த கச்சேரிக்கும் முன்கூட்டியே டிக்கெட் எடுக்கமாட்டார். கடைசி வாரம் வரை காத்திருப்பார். எல்லோரும் அப்படிக் காத்திருக்க ஆரம்பித்தால், நான்கு மாதம் முன்பே வரைபடம் நீலமாகத்தான் தெரியும். பேண்ட் பயந்து ரத்து செய்யும்.

சுருதிபேதம்
இதைத்தான் நானும் சொல்கிறேன். பெரிய தொகைக்கு ஆசைப்பட்டது பேண்ட் தரப்பு. ஏரிக்கரை, உங்கள் பையன்கள்தான்.

ஏரிக்கரை
பையன்களா, அவர்கள் மேனேஜர்களா? ரத்தான சில வாரங்களிலேயே இர்விங் அஸாஃப், ஸ்டீவ் மோயர் இருவரிடமிருந்தும் பேண்ட் பிரிந்தது. சுமுகமான பிரிவு என்றுதான் செய்தி. ஆனால் கார்னி ஒரு கெட்ட வார்த்தையோடு, எங்களைக் கவிழ்த்துவிட்டார்கள், எப்படி என்று பிறகு சொல்கிறேன், உங்களுக்கும் நடக்கக்கூடாது என்கிற மாதிரி எக்ஸ் தளத்தில் எழுதினார். பிறகு அழித்தும் விட்டார். சுமுகமாகப் பிரிந்தவன் அப்படியா எழுதுவான்?

இன்னொன்று. லைவ் நேஷனும் டிக்கெட்மாஸ்டரும் 2010இல் ஒன்றாகச் சேர்ந்தன. கச்சேரி நடத்துவதும் பல அரங்கங்களை வைத்திருப்பதும் டிக்கெட் விற்பதும் ஒரே குடும்பம். அமெரிக்க நீதித்துறை அந்தக் குடும்பத்தின் மேல் வழக்குப் போட்டது 2024 மே 23. இந்தத் தேதிகள் காணாமல் போன அதே வாரம். இதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் "வயசாகிவிட்டது" என்று சொல்லி மூடிவிடும் விஷயமில்லை இது.

சுருதிபேதம்
நீங்கள் குடும்பத்தைப் பற்றி எழுதியது முழுக்க சரி. ஆனால் அதே குடும்பம்தானே க்யூருக்கும் டிக்கெட் விற்றது? ஸ்மித் எதிர்த்து நின்றார். இவர்கள் 2024இல் நின்றார்களா?

வினைல்வித்யா
நின்று பார்த்து அடிபட்டவர்கள் சார். 2019 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் வில்டர்ன் அரங்கில் ரசிகர்களுக்கென்று 25 டாலர் டிக்கெட் வைத்தார்கள், கைமாற்ற முடியாத டிக்கெட். மறுவிற்பனைத் தளங்களில் பல மடங்கு கொடுத்து வாங்கி வந்த நூற்றுக்கணக்கானவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். திட்டு முழுக்க பேண்டுக்கு.

அதே 2019இல் அரீனாவும் வாசித்தார்கள். ஆனால் கூட வந்தது மாடெஸ்ட் மவுஸ். ஒரு டிக்கெட்டில் இரண்டு பெரிய பேண்ட். 2022இல் ஆம்பிதியேட்டர், அதாவது திறந்தவெளி அரங்கம். அங்கே பின்னால் புல்வெளி இருக்கும், மலிவு டிக்கெட்டில் ஜனம் வந்து படுத்துக்கொண்டு கேட்கும். 2024இல் திரும்பவும் அரீனா, அந்தப் புல்வெளி இல்லாமல். எனக்கு இதில் வயசும் தெரியவில்லை, சதியும் தெரியவில்லை. தப்பான சைஸ் சட்டை எடுத்திருக்கிறார்கள்.

ஏரிக்கரை
சட்டையை எடுத்துக் கொடுத்தது யார் என்பதுதான் என் கேள்வியே!

மேல்தட்டு_வாசல்
போட்டுப் பார்க்காமல் பில் போடச் சொன்னது யார் என்பது என் கேள்வி. உத்தரவாதத் தொகை இல்லாமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை அண்ணே.

ஏரிக்கரை
அது சரி. கையெழுத்து அவர்களுடையதுதான். அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சுருதிபேதம் ஐயா, 2025இல் புது ஆல்பத்தோடு திரும்பி வந்தார்களே, கவனித்தீர்களா? பெரும்பாலும் திறந்தவெளி அரங்கங்கள். நான் போயிருந்தேன். புல்வெளியில் கால் வைக்க இடம் தேடித்தான் நடந்தேன். எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பெண், அப்பாவின் பழைய 'எல் கமினோ' சட்டையோடு. அந்த ஆல்பத்தின் அட்டையில் மினிவேன் படம் இருக்குமே, அதே படம் போட்ட சட்டை. 'லோன்லி பாய்' பாட்டு தொடங்கியதும் அப்பாவும் மகளும் ஒன்றாக எழுந்தார்கள். அப்பாவுக்கு மூட்டுவலி போல, பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

சுருதிபேதம்
பார்த்தீர்களா, உட்கார்ந்துவிட்டார்! வயசு என்று நான் சொன்னது இதைத்தான். மேடையில் இருப்பவனுக்கு மட்டுமா வயசாகிறது? 2012இல் டிக்கெட்டுக்காக ராத்திரி கண்விழித்தவனுக்கு இப்போது குழந்தை, வீட்டுக்கடன், முதுகுவலி. புதன்கிழமை ராத்திரி நகர மையத்தில் கார் நிறுத்த அவனுக்குத் தெம்பு இல்லை.

வினைல்வித்யா
முதல் பதிவில் நீங்கள் சொன்னது இது இல்லை. ஆனால் இது பரவாயில்லை. இதற்கு நான் சண்டைக்கு வரமாட்டேன்.

சுருதிபேதம்
நன்றி மேடம். ஏரிக்கரை, அந்தப் புல்வெளி டிக்கெட் எவ்வளவு ஆனது?

ஏரிக்கரை
அடுத்த முறை வரும்போது சொல்கிறேன், சேர்த்தே எடுத்துவிடலாம். போர்வை மட்டும் நீங்களே கொண்டு வாருங்கள்.