புதுப்பிப்பு: அப்பாவின் ஸ்டென்ட் கிராஃப்ட், ஒரு மாத ஸ்கேன்

அப்பாவுக்கு வயிற்றுப் பெருந்தமனியில் 5.8 செ.மீ. வீக்கம், வயிற்றைத் திறக்காமல் தொடை வழியாகவே சரிசெய்ய முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். செய்தாகிவிட்டது: ஸ்டென்ட் கிராஃப்ட் என்ற, கம்பிவலை தாங்கிய துணிக்குழாயை வீக்கத்துக்குள் பொருத்தி, ரத்தம் அதன் வழியே ஓடும்படி செய்தார்கள். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தவர் முதலில் கேட்டது காபி.

முடியும் என்று சொன்னது சி.டி. ஆஞ்சியோதான், அதாவது ரத்தக்குழாயில் சாயம் ஏற்றி எடுக்கும் ஸ்கேன். ஒரு மில்லிமீட்டர் கனத் துண்டுகளாகப் படமெடுத்து, வளைந்த தமனியைக் கணினியில் நேராக நிமிர்த்தி அளந்தார்கள். சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே, வீக்கம் தொடங்கும்முன் 20 மி.மீ. நல்ல ‘கழுத்து’ இருந்தது. அது ரொம்பக் குட்டையென்றால் சாதாரண கிராஃப்ட் பிடித்து நிற்காதாம்.

ஒரு மாத ஸ்கேனில் ‘எண்டோலீக் டைப் 2’ என்றிருந்ததைப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது. எண்டோலீக் என்றால் கிராஃப்டுக்கு வெளியே, வீக்கப் பைக்குள் ரத்தம் புகுவது. டைப் 2 என்பதால் கிராஃப்டில் பழுதில்லை; முதுகுப்பக்கச் சிறு தமனி ஒன்றிலிருந்து ரத்தம் எதிர்த்திசையில் வீக்கப் பைக்குள் வருகிறது. சாயம் ஏற்றியதும் எடுத்த படத்தில் இது இல்லை, கொஞ்சம் தாமதித்து எடுத்ததில்தான் தெரிந்தது! பை பெரிதாகாதவரை கைவைக்க வேண்டாம், பெரும்பாலும் தானே அடைபடும் என்றார் டாக்டர்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.4, கொஞ்சம் அதிகம்; சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் ஆறாம் மாதம் சாயமில்லாத டாப்ளர் (அல்ட்ராசவுண்ட்) ஸ்கேன். எடுத்ததும் எழுதுகிறேன்.