45 வயதுக்கு மேல் ரொக் பாடுற குரல்: எது வயது, எது காயம்?

உப்புவெளி_கீபோட்

வணக்கம். மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரை ஹோட்டல்களில் வாசிக்கிற ஐந்து பேர் பாண்ட். கிழமைக்கு நாலு இரவு, ஒரு இரவுக்கு 45 நிமிஷப்படி மூன்று செட். எழுபது, எண்பதுகளின் ரொக் பாட்டுகள்தான் முழுக்க. பாடுற அண்ணாவுக்கு 48 வயது, 25 வருஷமாக மேடையில் நிற்கிறார், சிகரெட் இல்லை.

போன சீசனில் ஏ4, அதாவது 6 கட்டை, நெஞ்சுக்குரலில் அசையாமல் நின்றது. இந்த முறை ஜி4-லேயே, அதாவது 5 கட்டையிலேயே, இழுபடுது. முதல் செட் நல்லா இருக்கும், மூன்றாவதில் குரல் காற்றாகப் போகுது. கதைக்கிற குரலில் மாற்றம் தெரியவில்லை.

இது வயதா, காயமா என்று வீட்டில் வைத்துப் பார்க்க வழி இருக்கா? சுருதியை எவ்வளவு இறக்கலாம்? 70 வயதிலும் பாடுற பெரிய பாடகர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

குரல்வளை

தம்பி, ஒரே சீசனில் ஒரு முழுக் கட்டை இறங்கினால் அதை வயதின் தலையில் போடாதீங்க. வயது அவ்வளவு அவசரமாக வேலை செய்யாது.

வயது என்ன செய்யும் என்றால், குரல் நாணின் உள்ளே தசை, அதுக்கு மேல் ஜெலி மாதிரி ஒரு மென்படை, அதன் மேல் மெல்லிய தோல். ஏ4 பிடிக்கும்போது இரண்டு நாண்களும் விநாடிக்கு 440 தரம் மோதும். வருஷம் போகப் போக மென்படையில் நெகிழ்வான நார் குறைந்து விறைப்பான கொலாஜன் கூடும், தசை மெலியும், குரல்வளையின் குருத்தெலும்பு மெல்ல எலும்பாக மாறும். மெலிந்த நாண் நடுவில் வில்லாக வளையும். மூடினாலும் ஒரு கீற்று இடைவெளி இருக்கும், காற்று அதால் ஒழுகும். நெஞ்சுக்கூடும் இறுகுவதால் முன்பு ஒரே மூச்சில் முடித்த வரி பாதியில் நிற்கும். ஆண்களுக்கு இது பெரும்பாலும் 60 தாண்டித்தான் துலக்கமாகத் தெரியும். அப்போது கதைக்கிற குரல் மெலிந்து கொஞ்சம் உயரும். பெண்களுக்கு எதிர்ப்பக்கம்: மாதவிடாய் நின்ற பிறகு நாண் தடித்து குரல் கீழே இறங்கும்.

காயம் வேறு மாதிரி. நாணின் முன்பக்க மூன்றில் ஒரு பங்கு முடிகிற இடத்தில்தான் மோதல் கூட. அங்கே முதலில் வீக்கம் வரும், விடாமல் அடித்தால் இரண்டு பக்கமும் காய்ப்பு மாதிரிக் கட்டி வரும். மண்வெட்டி பிடிக்கிற உள்ளங்கை காய்த்துப் போவது போலத்தான். வீக்கம் முதலில் பறிப்பது மெதுவான உச்சக்குரலை. பலமாகக் கத்தினால் காற்றழுத்தம் வீக்கத்தை மீறி நாணை அதிரவைக்கும். அதனால்தான் மைக்கில் "எல்லாம் சரி" என்று தோன்றும், காயம் மாதக்கணக்கில் மறைந்து கிடக்கும்.

வீட்டில் பார்க்கிற முறை இது. காலையில் எழும்பி ஒரு மணித்தியாலம் கழித்து கீபோட்டில் சி4 (நடுச் சி) கொடுங்க. நாலு சொல்லுள்ள எளிய மெட்டு ஒன்றை, பக்கத்து அறையில் குழந்தை தூங்குவது போல மிக மெதுவாகப் பாடச் சொல்லுங்க. அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏற்றுங்க. கள்ளக்குரலுக்கு (ஃபால்செட்டோ) மாறினாலும் பரவாயில்லை, ஆனால் சத்தத்தைக் கூட்டக் கூடாது. ஸ்வரம் பிறக்கிறதுக்கு முன்னால் வெறும் "ஹ்" என்று காற்று முந்துகிற இடத்தைக் குறித்து வையுங்க. 14 நாள் தொடர்ந்து, மேடை இரவுக்கு அடுத்த காலையும் ஓய்வு நாளின் காலையும் சேர்த்து. மேடைக்குப் பிறகு அந்த இடம் இரண்டு மூன்று ஸ்வரம் இறங்கி ஒரு நாள் ஓய்வில் திரும்பினால் அது வீக்கம், பாடும் முறையாலும் வேலைப்பளுவாலும் வந்தது. திரும்பாமல் அப்படியே நின்றால் டொக்டர் தொண்டைக்குள் கமரா விட்டுப் பார்க்கத்தான் வேணும்.

இன்னொன்று: ஒரே மூச்சில் "ஸ்ஸ்" எத்தனை விநாடி, அதே வாயமைப்பில் குரலையும் சேர்த்து வண்டு ரீங்காரம் போல எத்தனை விநாடி என்று அளவுங்க. இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக வர வேணும். முதலாவது இரண்டாவதைப் போல 1.4 மடங்குக்கு மேல் போனால் நாண் சரியாக மூடவில்லை என்று அர்த்தம்.

குரலடைப்பு நாலு வாரம் தாண்டினால், புகைப்பவர் என்றால் அதுக்கும் முந்தி, காது மூக்கு தொண்டை டொக்டர். பாடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று குரல் போனால் அந்த நிமிஷமே நிறுத்துங்க. அது நாணுக்குள் இரத்தம் கசிந்ததாக இருக்கலாம். அதோடு ஸ்டீரொயிட் ஊசி போட்டு மேடையேறுவதுதான் ஆகப் பெரிய பிழை. ஊசி வீக்கத்தை வற்றவைக்கும், கசிவை நிறுத்தாது. கிசுகிசுப்பதும் வேண்டாம், முழு மௌனம்.

ஆறாம்_கட்டை

சுருதி பற்றி. இறக்கினால் மானம் போகும் என்று நினைக்கிறவர்களுக்கு: 10.12.2007 அன்று லண்டன் ஓ2 அரங்கில் லெட் செப்பலின் பாண்ட் திரும்பச் சேர்ந்தபோது அதன் பாடகர் ரொபர்ட் பிளான்டுக்கு 59 வயது. அன்றைக்குச் சில பாட்டுகள் பழைய ரெக்கோர்டை விட முழு ஸ்வரம் கீழே வாசிக்கப்பட்டன. அதே வருஷம் பாடகி அலிசன் க்ரௌஸோடு அவர் வெளியிட்ட ஆல்பத்தில் அலறலே கிடையாது. டீப் பர்பிள் பாண்டின் பாடகர் இயன் கில்லன் இன்னொரு முடிவெடுத்தார்: அலறல் நிறைந்த 'சைல்ட் இன் டைம்' பாட்டை 2002க்குப் பிறகு மேடையில் தொடுவதே இல்லை. எல்டன் ஜோனுக்கு 1987 இல் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. அதன் பிறகு எழுபதுகளின் கள்ளக்குரல் போய் கீழ்க்குரல் கனத்தது, அவர் மெட்டுகளை அந்தக் குரலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். நீண்ட நாள் நின்றவர்கள் எல்லாரும் எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் நின்றார்கள்.

எவ்வளவு இறக்குவது என்பதை "ரெண்டு கட்டை" என்று மொத்தமாகத் தீர்மானிக்காதீங்க. ஆண் குரல் ஏறத்தாழ ஈ4க்கும் எஃப் ஷார்ப்4க்கும் இடையில் நெஞ்சிலிருந்து தலைக்கு மாறுகிற படி ஒன்றில் தடுமாறும். கோரஸ் ஜி4-ஏ4 இல் இருக்கிற பாட்டை முழு ஸ்வரம் இறக்கினால் அது சரியாக எஃப்4-ஜி4 இல் வந்து அந்தப் படியிலேயே குந்திவிடும், சிலருக்கு முன்னையதை விடக் கஷ்டம். ஒவ்வொரு பாட்டையும் அரை, ஒன்று, ஒன்றரை ஸ்வரம் என மூன்று இறக்கத்திலும் கோரஸை மட்டும் ஐந்து தரம் அடுத்தடுத்துப் பாடவைத்து, ஐந்தாவதில் எது சுகமாக இருக்கிறதோ அதை எடுங்க. முதல் தரம் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். வேர்ஸ் (கோரஸுக்கு முந்தின வரிகள்) அடித்தொண்டையில் அமிழ்ந்து சொல் கேட்காமல் போனால் கூட இறக்கிவிட்டீங்கள். அப்போது சுருதியை விட்டுவிட்டு கோரஸின் உச்ச ஸ்வரத்தை மட்டும் அதிலிருந்து கீழே மூன்றாவது ஸ்வரத்துக்கு இறக்குங்க, மேல் ஸ்வரத்தை கூடப் பாடுறவர் எடுக்கட்டும். உச்சத்தில் "ஈ" வந்தால் "எ" பக்கம் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்க, இறுக்கம் விடும்.

கிற்றார் வேலை: அரை ஸ்வரம் இறக்கினால் கம்பி இழுவிசை 11 வீதம் குறையும், முழு ஸ்வரம் என்றால் 21 வீதம். 10-46 செட்டை (முதல் கம்பி 0.010 அங்குலம், ஆறாவது 0.046) அப்படியே தளர்த்தினால் கம்பி தொளதொளத்து ஃப்ரெட்டில் இரையும், கோர்ட் அழுத்தும்போது சுருதி ஏறும். முழு ஸ்வரத்துக்கு 11 செட் போட்டால் முதல் கம்பியில் பழைய இழுவிசையின் 96 வீதம் திரும்ப வரும், அரை ஸ்வரத்துக்கு 10.5 போதும். தடித்த கம்பி நட் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் கட்டை) பள்ளத்தில் சிக்கினால் பள்ளத்தைக் கொஞ்சம் அகட்டி பென்சில் கரி பூசுங்க. 12ஆவது ஃப்ரெட்டில் ஹார்மொனிக்கையும் அழுத்திய ஸ்வரத்தையும் ஒப்பிட்டு பிரிட்ஜைத் திருத்துங்க. ஃப்ளோய்ட் ரோஸ் (ஸ்பிரிங்கில் மிதக்கிற) பிரிட்ஜ் என்றால் பின்னால் ஸ்பிரிங்கையும் சரிக்கட்ட வேணும், இல்லாவிட்டால் பிரிட்ஜ் சாயும். உங்கட கீபோட்டில் ட்ரான்ஸ்போஸ் மைனஸ் 2 (இரண்டு அரை ஸ்வரம்) போட்டால் முழு ஸ்வர இறக்கம் முடிந்தது, ஆனால் ஓடவிடுகிற ஓடியோ ட்ராக் மாறாது. அதைக் கணினியில் முன்கூட்டியே இறக்கி வையுங்க.

மணல்_மிக்சர்

மூன்றாவது செட்டில் குரல் காற்றாகப் போகிறது என்றால் பாதிப் பிழை மொனிட்டரில், அதாவது பாடுறவர் தன்னைக் கேட்க மேடையில் வைக்கிற ஸ்பீக்கர் பெட்டியில், இருக்கும். கடற்கரை மேடையில் சுவர் இல்லை, பாடுறவரின் குரல் அவருக்கே திரும்பி வராது. சத்தத்துக்கு நடுவில் மனுசன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான். இதை லொம்பார்ட் என்கிற பிரெஞ்சு டொக்டர் 1911 இலேயே சொல்லிவிட்டார். "கத்தாதீங்க அண்ணா" என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை, அவருக்குக் கேட்க வேணும்.

மைக் ஷூவர் எஸ்எம்58 என்றால் மொனிட்டர் மைக்கின் வாலுக்கு நேர் பின்னால் இருக்கட்டும். பீட்டா 58ஏ என்றால் நேர் பின்னாலும் கொஞ்சம் கேட்கும், பெட்டியைப் பக்கவாட்டுக்கு நகர்த்துங்க. மைக் தலையைக் கையால் பொத்தினால் இரண்டுமே ஊளையிடும். மொனிட்டரில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழ் வெட்டி, 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் பக்கம் 2-3 டெசிபெல் கூட்டுங்க, குரலின் கூர் அங்கேதான் இருக்கு. கிற்றாரையும் ட்ரம்ஸையும் அவர் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்க. காசு இருந்தால் காதுக்குள் போடுகிற மொனிட்டர். இரண்டு காதிலும் போட வேணும். ஒன்றைக் கழற்றிவிட்டால் திறந்த காதுக்கு ஈடுகட்டச் சத்தம் கூடிக்கொண்டே போகும், பிறகு காதே போகும். 2016 இல் ஏசி/டிசி பாண்டின் பாடகர் பிரயன் ஜோன்சன் சுற்றுப்பயணத்தை நடுவில் விட்டது குரலால் அல்ல, காதால்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்கள்தான் உங்கட சீசன். மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு இங்கே காய்ந்து சூடாக வருகிற காற்று அது. மேடையை அதுக்கு முதுகு காட்ட வையுங்க, ஜெனரேட்டரைக் காற்றின் கீழ்ப்பக்கம் தள்ளுங்க, புகை மெஷின் வேண்டாம்.

ஸ்ருதிப்பெட்டி

மருந்துப் பக்கத்தை யாரும் தொடவில்லை. 45 தாண்டினவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது அதுதான். பிரஷர் குளிசையில் எனலாப்ரில் வகை சிலருக்கு வறட்டு இருமல் தரும், இருமல் நாணை அறைந்துகொண்டே இருக்கும். தானாக நிறுத்தக் கூடாது, டொக்டரிடம் சொன்னால் வேறு வகை மாற்றித் தருவார். ஆஸ்துமா பம்பில் ஸ்டீரொயிட் இருந்தால் ஸ்பேசர் (பம்பில் பொருத்துற குழாய்) வைத்து எடுத்து, ஒவ்வொரு தரமும் வாய் கொப்பளித்துத் துப்ப வேணும். அலர்ஜிக் குளிசை தொண்டையைக் காயவைக்கும். மேடை நாளில் அஸ்பிரின், ஐபுப்ரோஃபென் தலையிடிக்குப் போடாதீங்க, இரத்தம் கசிய வழி செய்யும்.

இஞ்சிப் பிளேன்ரீ, அதிமதுரம் எல்லாம் இதமாகத்தான் இருக்கும், ஆனால் விழுங்குவது எதுவும் குரல் நாணைத் தொடாது, அது வேறு குழாய். தண்ணீர் உடம்பு வழியாகச் சுற்றித்தான் அங்கே போகும், ஆகவே பின்னேரமே குடித்திருக்க வேணும். நேரே போய்த் தொடுவது ஆவி மட்டும்தான்: வெறும் தண்ணீர் ஆவி, 10 நிமிஷம், தைலம் இல்லாமல்.

நடுச்சாமம் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலே வரும். மூன்று மணித்தியால இடைவெளி முடியாவிட்டால் கட்டிலின் தலைப்பக்கக் காலுக்கு 15 சென்ரிமீற்றர் கட்டை வையுங்க.

உண்மையிலேயே வயதால் மெலிந்த நாணுக்கும் வழி உண்டு. ரொக் பாடகர் ஜோன் பொன் ஜோவிக்கு ஒரு நாண் மெலிந்து போனதால் 2022 இல் அறுவைச் சிகிச்சை செய்து, அதை நடுவுக்குத் தள்ள உள்பொருள் வைத்தார்கள். பிறகும் நீண்ட பயிற்சி தேவைப்பட்டது. கத்திக்கு முந்தி ஆறு முதல் எட்டு வாரம் பேச்சுச் சிகிச்சை பார்ப்பதுதான் வழக்கம்.

உப்புவெளி_கீபோட்

நன்றி எல்லாருக்கும். காலைக் குறிப்பு தொடங்கிட்டோம்: ஓய்வு நாளில் சி5 வரைக்கும் மெதுவாக வருது, மேடைக்கு அடுத்த காலை ஏ4-இல் காற்று முந்துது, ஒன்றரை நாளில் திரும்புது. அப்ப இது வீக்கம்தானே? ஸ்ட்ரோவால் ஊதுற பயிற்சி பற்றிக் கேள்விப்பட்டோம், அதைச் செய்யலாமா?

குரல்வளை

ஓம், வீக்கத்தின் நடைதான். ஒரு தரம் கமராவால் பார்த்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது, பிறகு ஒப்பிட உதவும்.

ஸ்ட்ரோ செய்யலாம். அரைப் போத்தல் தண்ணீரில், செவ்விளநீர் குடிக்கிற அளவு ஸ்ட்ரோவை 2-3 சென்ரிமீற்றர் மட்டும் அமிழ்த்தி "ஊ" என்று ஊதிக்கொண்டே பாட வேணும். குமிழி ஒரே சீராக வர வேணும். விட்டு விட்டு வந்தால் மூச்சு தள்ளாடுது, வெடித்து வெடித்து வந்தால் அழுத்தம் கூட. கன்னம் உப்பலாம், மூக்கால் காற்று போகக் கூடாது. மூக்கைப் பொத்திப் பாருங்க, சத்தம் மாறினால் ஒழுகுது. கீழிருந்து மேலே வழுக்கி இறங்குவது பத்துத் தரம், பிறகு ஒரு பாட்டின் மெட்டு முழுவதும். மேடைக்கு முந்தி 5 நிமிஷம், மூன்றாவது செட் முடிந்து 3 நிமிஷம், அதுவும் கீழ் ஸ்வரங்களில். அதிகம் அமிழ்த்தினால் எதிரழுத்தம் கூடி கழுத்து இறுகும்.

இன்னொரு இடத்தையும் பாருங்க: செட்டுக்கு நடுவிலான இடைவேளை. பார் பக்கம் போய் பாட்டுச் சத்தத்துக்கு மேலால் விருந்தாளிகளோடு கதைத்தால், பாடியதை விட அதுதான் நாணைக் கூட அடிக்கும். அவரை கடற்கரைப் பக்கம் ஒரு கதிரையில் இருத்தி, கேள்வி கேட்கிறவர்களை உங்களில் ஒருவர் பார்த்துக்கொள்ளுங்க. அந்த ஒரு மாற்றத்தை மட்டும் இந்தக் கிழமை செய்து, காலையில் காற்று முந்துற இடம் எங்கே நிற்குது என்று எழுதுங்க.