கண்ணாடி 1,100 காசு: இது சந்தையா, கொள்ளையா?

மெட்டுக்காரன்
நம் நகரம் கட்டும் விளையாட்டில் மெட்ரோ நிலையம் வந்ததில் இருந்து பொதுச்சந்தையைத் திறக்கவே பயமாக இருக்கிறது. போன மாதம் 300 காசுக்குக் கிடைத்த கண்ணாடி இப்போது 1,100. ஒரு நிலையத்துக்கு 40 கண்ணாடி வேண்டும். நம் ஆலையில் ஒன்று வர 5 மணி நேரம். நான் காலையில் கம்பத்தில் ஜீப் ஏறினால் வண்டன்மேடு பக்கம் எஸ்டேட்டில் சாயங்காலம் வரை சிக்னல் கிடையாது. ராத்திரி வந்து பார்த்தால் இந்த விலைச் சரக்குதான் கிடக்கிறது. பழைய ஆட்கள் மொத்தமாக வாங்கிப் பதுக்குகிறார்கள். 400க்கு மேல் விற்கக் கூடாது என்று உச்சவரம்பு வைக்கச் சொல்லி நடத்துகிறவர்களுக்கு மனு எழுதப் போகிறேன். யார் யார் கூட வருகிறீர்கள்?

தேவாரத்தான்
நான் வருகிறேன். என் ஊரில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம் அப்படியே கிடக்கிறது.

பழைய மேயர்
தம்பி, அந்தப் பதுக்கல்காரன் நான்தான். மெட்ரோ வரப்போகிறது, கண்ணாடி வேண்டும் என்று எல்லோருக்கும்தான் அறிவிப்பு வந்தது. அன்றே வாங்கினேன். அதில் என்ன திருட்டு? கிடங்கில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அங்கே சிமெண்ட் வைத்திருந்தால் தினமும் விற்றுக்கொண்டு இருப்பேன். நாளைக்கே விலை விழுந்தால் நஷ்டத்தில் பங்குக்கு யாரும் வரமாட்டீர்கள். அப்புறம், நேற்று உங்கள் கடையைப் பார்த்தேன். செங்கல் 250. நான் ஆட வந்தபோது 90தான்.

மெட்டுக்காரன்
செங்கல் 20 நிமிடத்தில் வரும் அண்ணே. வேண்டாம் என்றால் நீங்களே சுட்டுக்கொள்ளலாம். கண்ணாடி அப்படியா?

ஏலக்கணக்கு
இரண்டு பேரும் யாருமே கொடுக்காத விலையை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். 1,100 என்பது வாங்க ஆள் இல்லாமல் கிடக்கிற சரக்கின் விலை. 450, 500 என்று வருவது வந்த நிமிடமே போய்விடுகிறது. பகலில் நான் கண்ணால் பார்க்கிறேன். ராத்திரி திறக்கிறவருக்கு மிஞ்சினது மட்டும்தான் தெரியும்.

நான் போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின் ஏலம் போடியிலும், மேலே கேரளத்துப் புற்றடியிலும் நடக்கிறது. ஏலம் முடிந்ததும் வந்தது எத்தனை கிலோ, விற்றது எத்தனை, உச்ச விலை என்ன, சராசரி என்ன என்று எல்லாம் வெளியில் வந்துவிடும். 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. பத்திரிகைகள் அதைத்தான் பெரிதாகப் போட்டன. அன்றைய சராசரி அதைவிட ரொம்பக் கீழே. 7,000 என்று கேட்டுவிட்டு வீட்டில் மூட்டையைக் கட்டி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஓரிரு வருடத்தில் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே வந்தபோது அவர்கள் முகத்தையும் பார்த்தேன். விவரம் தெரிந்தவர் சராசரியைப் பார்த்துத்தான் சரக்கை விடுவார்.

நம் விளையாட்டில் அந்தச் சராசரி எங்கேயும் இல்லை. புதிதாக விற்க வருகிறவர் பலகையில் 1,100 பார்த்து, கொஞ்சம் குறைப்போம் என்று 1,050 போடுகிறார். அவர் பதுக்கல்காரரே இல்லை. மனு எழுதினால், 24 மணி நேரத்தில் விற்றுப்போன சராசரி விலையைக் காட்டு என்று எழுதுங்கள்.

மெட்டுக்காரன்
அக்கா, சராசரி 500 என்று எழுதிப் போட்டால் ராத்திரி 9 மணிக்கு எனக்கு 500க்குக் கிடைத்துவிடுமா? மலிவுச் சரக்கு பகலில் போனும் கையுமாக இருப்பவருக்கு. அதற்கு வழி சொல்லுங்கள்.

குமுளிச்சாலை
உச்சவரம்பை மட்டும் கேட்காதீர்கள். ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டில் அதைச் செய்து பார்த்தார்கள். 2007 நவம்பரில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற சந்தை வந்தபோது, விளையாட்டே காட்டும் வழிகாட்டி விலையில் இருந்து 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றவோ இறக்கவோ கூடாது. உடனே கிராக்கி உள்ள சாமான் சந்தையில் காணாமல் போனது. இந்தக் குப்பையையும் சேர்த்து வாங்கினால் தருகிறேன் என்று ஓரமாகப் பேரம் ஓடியது. 2011 தொடக்கத்தில் வரம்பை எடுத்துவிட்டார்கள். இங்கே 400 என்று வைத்தால் பழைய மேயர் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பார். (கோபித்துக்கொள்ளாதீர்கள் மேயரே.)

பழைய மேயர்
கோபம் என்ன, அப்படித்தான் செய்வேன்.

தேவாரத்தான்
அப்படியென்றால் சந்தையே வேண்டாம். டையப்லோ 3 விளையாட்டில் 2012இல் திறந்த ஏலக்கடையை 2014 மார்ச்சில் இழுத்து மூடினார்கள். ஆட்டம் நன்றாகத்தானே போகிறது?

குமுளிச்சாலை
அங்கே அரக்கனைக் கொன்று ஆயுதம் எடுப்பதுதான் ஆட்டமே. காசு கொடுத்து வாங்கினால் ஆட வேலை இல்லை. இங்கே சந்தையை மூடினால் ஓர் ஆலை வைத்திருப்பவர் 40 கண்ணாடிக்கு 200 மணி நேரம் உட்கார வேண்டும். உங்கள் பள்ளத்தில் மரம் முளைத்துவிடும்.

பதுக்கலை மட்டும் சொல்லி என்ன பயன்? திருவிழாப் பரிசு என்று ஆளுக்கு 20,000 காசு கொட்டிக் கொடுத்தார்கள். மேயர் மாதிரி ஆட்களுக்குக் கட்ட இடமே பாக்கி இல்லை. காசு உள்ளே வருகிறது, வெளியே போக வழி இல்லை. பெரிய விற்பனைக்காவது வரி போட்டு அந்தக் காசை அழித்தால் விலை தானாக இறங்கும்.

பழைய மேயர்
வரியையும் விலையில்தான் ஏற்றுவேன். யார் தலையில் விழும்?

மெட்டுக்காரன்
சரி, ஒரு நாளைக்கு ஒருவர் இத்தனைதான் வாங்கலாம் என்று வைக்கட்டும். அதிலும் குறை சொல்வீர்களா?

பழைய மேயர்
என் மச்சான், என் மருமகன், என் பாட்டி எல்லோர் பெயரிலும் கணக்கு திறப்பேன்.

குமுளிச்சாலை
ரூன்ஸ்கேப்பில் 4 மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் வரம்பு உண்டு. முழுசாகத் தடுக்காது, ஒரே மூச்சில் அள்ளுவதைத் தடுக்கும். பாட்டி கணக்கை நடத்தவும் நேரம் வேண்டுமே.

ஏலக்கணக்கு
மெட்டுக்காரன் தம்பி கேட்டதற்கு அங்கேயே வழி இருக்கிறது. நம் சந்தையில் விற்கிறவர் மட்டும்தான் விலை எழுதலாம். வாங்குகிறவரும் எழுத முடிந்தால்? 500 வீதம் 10 கண்ணாடி வேண்டும் என்று காலையிலேயே எழுதிக் காசைக் கட்டிவிட்டு ஜீப் ஏறுங்கள். அந்த விலைக்கு யாராவது விட்டால் நீங்கள் இல்லாமலே சரக்கு கிடங்குக்கு வந்துவிடும். வராவிட்டால் காசு பத்திரம்.

பழைய மேயர்
இதை நான் எதிர்க்கிறேன்.

தேவாரத்தான்
மேயர் முதல் தடவையாக எதிர்க்கிறார். அப்போது இதுதான் சரியான மருந்து.

மெட்டுக்காரன்
மனுவில் இதை முதலில் போடுகிறேன். சராசரி விலை இரண்டாவது, வாங்கும் வரம்பு மூன்றாவது. ஆனால் உச்சவரம்பை எடுக்கமாட்டேன், 400ஐ 600 ஆக்குகிறேன். நடத்துகிறவர்கள் மற்றதைச் செய்ய ஆறு மாதம் இழுப்பார்கள், வரம்பு என்றால் ஒரு ராத்திரியில் வைத்துவிடலாம்.

ஏலக்கணக்கு
வரம்பு இருந்தால் என் பெயரைச் சேர்க்காதீர்கள் தம்பி.

தேவாரத்தான்
வரம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் பெயரைப் போடுங்கள். யாராவது எனக்கு ஆறு கண்ணாடி 500க்குக் கொடுங்கள், மழைக்கு முன்னால் பள்ளத்தை மூட வேண்டும்.