வில்லாக் பெனால்டியைக் கார்சன் தடுத்தாரா, இல்லையா?

பழைய கையுறை:
இன்னும் காபிகூடக் குடிக்கவில்லை, அதற்குள் ஒரு மகான் எழுதியதைப் படித்துத் தொலைத்தேன். “கோல்கீப்பர் ஸ்காட் கார்சன் மான்செஸ்டர் சிட்டியில் 6 வருடம் இருந்தார், 2 ஆட்டம் ஆடினார், ஒரு பந்தையும் தடுக்கவில்லை, சாம்பியன்ஸ் லீக் பதக்கத்தோடு வீட்டுக்குப் போனார்.” 6 வருடம், சரி. 2 ஆட்டம், அதுவும் சரி. அந்த மூன்றாவது வரிதான் வயிற்றெரிச்சல். 2021 மே 14, நியூகாசில் மைதானம். பிரீமியர் லீக்கில் கிட்டத்தட்டப் பத்து வருடம் கழித்து, 35 வயதில் இறங்குகிறார். ஜோ வில்லாக் அடித்த பெனால்டியைத் தடுத்தார். தடுத்தார் என்றால் தடுத்தார். எழுதுவதற்கு முன் ஒரு தடவை ஆட்டத்தைப் பார்த்தால் கண் அவிந்தா போய்விடும்?

கணக்குப்பிள்ளை:
அதே ஆட்டத்தை நானும் பார்த்தேன் அண்ணே. நியூகாசில் 3, சிட்டி 4. நியூகாசிலின் மூன்றாவது கோலை அடித்தது யார்? வில்லாக். எப்போது? அந்தப் பெனால்டி அடித்த கையோடு. பந்து வலைக்குள் கிடக்கிறது, நீங்கள் தடுத்தார் என்கிறீர்கள். திருடன் நகையோடு போய்விட்டான், ஆனாலும் நாய் நன்றாகக் குரைத்தது என்பது மாதிரி இருக்கிறது.

பழைய கையுறை:
பிள்ளைவாள், ஆட்டத்துக்கு நடுவே அடிக்கும் பெனால்டியில் கீப்பர் தட்டிவிட்டால் பந்து உயிரோடுதான் இருக்கும். யார் வேண்டுமானாலும் ஓடி வந்து அடிக்கலாம். வில்லாக் அடித்தார். அது வேறு அடி, வேறு கோல். முதல் அடியைக் கார்சன் தடுத்தார். தட்டித் திரும்பிய அந்த ரீபவுண்டுக்குப் போயிருக்க வேண்டியது சிட்டியின் தடுப்பாட்டக்காரர்கள். அவர்கள் வேடிக்கை பார்த்ததற்குக் கீப்பர் என்ன செய்வார்? சமனான ஆட்டத்தை முடிக்க மாறி மாறிப் பெனால்டி அடிக்கும் ஷூட் அவுட்டாக இருந்தால் அந்த இடத்திலேயே கதை முடிந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை:
ஷூட் அவுட்டாக இருந்தால்தானே? அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா.

வானநீலம்:
இரண்டு பேரும் அதே பெனால்டியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். 2022 மார்ச் 9 ஞாபகம் இல்லையா? சாம்பியன்ஸ் லீக்கில் ஸ்போர்ட்டிங் லிஸ்பனோடு இரண்டாவது ஆட்டம், 0-0. 73வது நிமிடம் முதல் கீப்பர் எடர்சனுக்குப் பதில் கார்சன் உள்ளே வந்தார். பாலின்யோ நேருக்கு நேராக வந்து அடித்ததைத் தடுத்தார், கோலும் விழவில்லை. “ஒரு பந்தையும் தடுக்கவில்லை” என்பது பொய் என்று காட்ட இது ஒன்று போதாதா?

பழைய கையுறை:
முதல் ஆட்டத்திலேயே 5-0 என்று முடிந்துபோன விஷயம் அது. நான் பேசுவது பெனால்டியைப் பற்றி.

கணக்குப்பிள்ளை:
நானும்தான்.

ஆன்பீல்டு அடிமை:
சிட்டிக்காரர்கள் கார்சனைத் தங்கள் பிள்ளை மாதிரிப் பேசுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. முதல் சாம்பியன்ஸ் லீக் பதக்கம் கொடுத்தது லிவர்பூல்காரர்கள் நாங்கள். 2005 ஏப்ரலில், 19 வயதில், யுவென்டஸுக்கு எதிராக ஆன்பீல்டில் நின்ற பையன். எதிரே டெல் பியரோ, இப்ராஹிமோவிச். கன்னவாரோவின் தலைமுட்டு ஒன்றுதான் உள்ளே போனது, 2-1 என்று ஜெயித்தோம். அடுத்த மாதம் இஸ்தான்புல்லில் மிலானோடு இறுதி ஆட்டம், பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 2023ல் சிட்டி இன்டர் மிலானை ஜெயித்ததும் அதே அட்டாடுர்க் ஒலிம்பிக் மைதானம். அங்கேயும் பெஞ்ச். 18 வருட இடைவெளி, ஒரே மைதானம், இரண்டு பதக்கம், ஆடியது பூஜ்ஜியம் நிமிடம். இதைவிடச் சுவையான விஷயம் இருக்கிறதா? நீங்கள் என்னடா என்றால் நியூகாசில் பெனால்டி என்கிறீர்கள்.

வானநீலம்:
அவ்வளவு பாசம் இருந்தால் ஏன் ஷெஃபீல்டு வென்ஸ்டே, சார்ல்டன், ஆஸ்டன் வில்லா என்று வருடா வருடம் வாடகைக்கு விட்டீர்கள்? சைக்கிள் கடை மாதிரி. கடைசியில் வெஸ்ட் புரோமுக்கு விற்றுவிட்டு இப்போது பிள்ளையாம்.

ஆன்பீல்டு அடிமை:
எங்கள் முதல் கீப்பராக ரெய்னா இருந்தார். அவ்வளவுதான். உங்களுக்கு எடர்சன் இருந்த மாதிரி.

சும்மா ஒருத்தி:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஊர் ஊராகப் போகிற கீப்பர் என்று ஒரு பட்டியல் சொல்வார்களே, எத்தனை கிளப் மாறினால் அந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்? ஆடிய ஆட்டக் கணக்கா, கிளப் கணக்கா?

பழைய கையுறை:
அதை விடுங்கள் அம்மா. பிள்ளைவாளுக்கு ஒரு கேள்வி. நிஜ ஆட்டக்காரர்களை வைத்து அணி கட்டிப் புள்ளி சேர்க்கிற பேன்டசி பிரீமியர் லீக் விளையாடுகிறீர்கள் அல்லவா? பெனால்டியைத் தடுத்த கீப்பருக்கு எத்தனை புள்ளி? ஐந்து. ரீபவுண்டில் கோல் விழுந்தால் அந்த ஐந்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா? மாட்டார்கள். அடித்தவருக்குப் பெனால்டி தவறவிட்ட கணக்கில் இரண்டு குறைப்பார்கள், ரீபவுண்டுக்குக் கோல் புள்ளியும் கொடுப்பார்கள். இரண்டும் தனித்தனி. நீங்களே கும்பிடும் சாமி இப்படிச் சொல்கிறது.

கணக்குப்பிள்ளை:
பேன்டசி என்றால் கற்பனை என்று அர்த்தம் அண்ணே. உங்கள் வாதத்துக்குப் பொருத்தமான இடத்தில்தான் ஆதாரம் தேடியிருக்கிறீர்கள். போன வருடம் நான் உங்களை 200 புள்ளி பின்னால் விட்டேனே, அப்போது “அது வெறும் பொழுதுபோக்கு” என்றீர்கள். இன்றைக்கு அது சாமி.

பழைய கையுறை:
போன வருடக் கதையை எடுக்காதே தம்பி. எடுத்தால் நானும் எடுப்பேன். 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், பிரான்ஸ்தான் என்று பந்தயம் கட்டியது யார்? அந்தப் பிரியாணி இன்னும் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
அது 3-3. ஷூட் அவுட்டில்தான் அர்ஜென்டினா. பந்தயம் ஆட்டத்தின் முடிவுக்கு. சமன் என்றால் பிரியாணியும் சமன்.

ஆன்பீல்டு அடிமை:
இப்போது மட்டும் ஷூட் அவுட் வேறு, ஆட்டம் வேறா? மேலே மீசை, சித்தப்பா என்றீர்களே.

கணக்குப்பிள்ளை:
நீ சும்மா இரு.

சரி, அண்ணன் கீப்பர்களின் மானத்தைக் காக்க வந்திருப்பதால் கேட்கிறேன். 2007 நவம்பர் 21, வெம்ப்ளி, குரோஷியாவோடு ஆட்டம். இங்கிலாந்துக்குச் சமன் செய்தாலே போதும், யூரோ கோப்பைக்குப் போகலாம். கொட்டுகிற மழை. எட்டாவது நிமிடம் கிரான்சார் தூரத்திலிருந்து ஒன்று அடித்தார், கார்சனின் கையில் பட்டு உள்ளே. 2-3 என்று தோற்றார்கள், மறுநாள் பயிற்சியாளர் மெக்லாரனுக்கு வேலை போயிற்று. அதையும் “முதல் அடியைத் தொட்டார், அப்புறம் நடந்தது வேறு” என்பீர்களா?

பழைய கையுறை:
இதற்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பிடிக்காதவர்கள் தாண்டிப் போங்கள்.

கல்லூரி நாளிலிருந்து 22 வருடம் கம்புகளுக்கு நடுவே நின்றவன் நான். ஈரத் தரையில் முன்னால் குத்தும் பந்து எழும்பாது, வழுக்கிக்கொண்டு வேகமாக வரும். நாம் ஒரு உயரத்துக்குக் கையை வைத்திருப்போம், பந்து வேறு உயரத்தில் வரும். அதனால்தான் மழை நாளில் கையை நம்பாதே, உடம்பைப் பின்னால் கொண்டுவா, முழங்காலை மடக்கு என்று பாடமே எடுப்பார்கள். கார்சன் உடம்பைக் கொண்டுவரவில்லை. பிழைதான், அதை மறுத்தேனா? ஆனால் 22 வயதுப் பையனை, அதற்கு முன் ஆஸ்திரியாவோடு ஒரே ஒரு நட்பு ஆட்டம் ஆடியவனை, அப்படி ஒரு இரவில் யார் இறக்கினார்? வழக்கமான கீப்பர் ராபின்சனின் தடுமாற்றத்துக்குப் பயந்து மெக்லாரன் இறக்கினார். இன்னொரு கீப்பர் டேவிட் ஜேம்ஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் நாட்டுக்காகக் கார்சன் ஆடியது இன்னும் இரண்டே ஆட்டம், மொத்தம் நாலு.

அவர் என்ன செய்தார், மூலையில் உட்கார்ந்து அழுதாரா? வெஸ்ட் புரோமோடு கீழே இறங்கினார், மறு வருடமே மேலே ஏறினார். துருக்கியில் பர்சாஸ்போர், திரும்பி வந்து விகன். டார்பியில் மட்டும் நூற்றைம்பது ஆட்டத்துக்கு மேல். செவ்வாய்க்கிழமை இரவு, குளிர், இரண்டாம் அடுக்கு லீக். நாலு வருடம் அதுதான் வாழ்க்கை. அவரைத்தான் “சொகுசான வேலை” என்று நக்கல் அடிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆள் 35 வயதில் வந்து வில்லாக் பெனால்டியைத் தடுத்தார்.

கணக்குப்பிள்ளை:
கோல் விழுந்தது.

பழைய கையுறை:
தடுத்தார்.

வானநீலம்:
அண்ணா, எழுதியதெல்லாம் அருமை. ஒன்றை விட்டுவிட்டீர்கள். அதே ஆட்டத்தில் இன்னொரு பெனால்டியும் இருந்தது. இடைவேளைக்கு முன் ஜோயலின்டன் அடித்து உள்ளே போனது.

பழைய கையுறை:
நீ எந்தக் கட்சி?

வானநீலம்:
நான் சிட்டி. கோப்பை அந்த வாரமே உறுதியாகிவிட்டது, அது ஒப்புக்கு ஆடிய ஆட்டம். பெரான் டோரஸ் மூன்று அடித்தார், எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். பெனால்டியை ஞாபகம் வைத்திருப்பது நீங்கள் இரண்டு பேர் மட்டும்.

ஆன்பீல்டு அடிமை:
கார்சனைச் சிட்டி வைத்திருந்ததே உள்ளூர் ஆள் கணக்குக்காக. 25 பேர் பட்டியலில் வெளியில் வளர்ந்தவர்கள் 17 பேருக்கு மேல் கூடாது. கும்பளேயை மூன்றாவது விக்கெட் கீப்பர் என்று பட்டியலில் போட்ட மாதிரி.

வானநீலம்:
கும்பளே எங்கே வந்தார்? உவமையாவது ஒழுங்காகச் சொல். மூன்றாவது கீப்பரின் வேலை என்ன தெரியுமா? தினமும் காலையில் அகுவேரோ, டி புருய்ன அடிப்பதை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பந்து பொறுக்குகிற வேலை இல்லை அது. சிட்டியில் ரிச்சர்ட் ரைட் நாலு வருடம் இருந்தார், ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அவரை யாரும் கேலி செய்யவில்லை.

ஆன்பீல்டு அடிமை:
செல்சியின் ராப் கிரீனைச் செய்தோமே. 2019 யூரோப்பா லீக், ஆடாமலேயே கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடினார். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

சும்மா ஒருத்தி:
ஊர் சுற்றும் கீப்பர் என்றால் லுட்ஸ் ஃபானென்ஸ்டீலைத்தானே சொல்வார்கள்? ஃபிஃபாவின் ஆறு கண்டக் கூட்டமைப்பிலும் ஆடிய ஜெர்மன்காரர். இல்லாவிட்டால் ஜான் பரிட்ஜ், 43 வயதில் இதே சிட்டிக்காகப் பிரீமியர் லீக் ஆடியவர். அவர்களோடு பார்த்தால் கார்சனின் பத்து கிளப் அந்தக் கணக்கில் வருமா? அதைத்தான் முதலில் கேட்டேன்.

கணக்குப்பிள்ளை:
ஒரே கேள்வி அண்ணே, சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் கார்சன் வாங்கிய கோல் எத்தனை?

பழைய கையுறை:
மூன்று.

கணக்குப்பிள்ளை:
அதில் வில்லாக் கோல் சேர்த்தியா?

பழைய கையுறை:
ரீபவுண்ட் கோல் சேர்த்தி. பெனால்டி சேர்த்தி இல்லை.

கணக்குப்பிள்ளை:
உங்களைப் போன பொங்கல் ஆட்டத்தில் பார்த்தேனே. செம்மண் தரை, மழையும் இல்லை, தூறலும் இல்லை. எங்கள் ஆபீஸ் அக்கவுன்டன்ட், ஐம்பது வயது, செருப்புக் காலோடு உருட்டிவிட்ட பந்து உங்கள் இரண்டு காலுக்கும் நடுவே போனது. திரும்பிப் பார்த்துவிட்டு “தரை சரியில்லை” என்றீர்கள். கார்சன்மேல் இத்தனை கரிசனம் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கே புரிந்துவிட்டது.

பழைய கையுறை:
அது கல்லில் பட்டுத் திரும்பியது. அந்த இடத்தில் கல் இருந்ததை நாலு பேர் பார்த்தார்கள். தனிப்பட்ட முறையில் இறங்குவது தோற்றவன் வேலை.

ஆன்பீல்டு அடிமை:
கல்லை நானும் பார்த்தேன். பந்து போன பாதையிலிருந்து ஒரு கெஜம் தள்ளிக் கிடந்தது.

திண்ணைக் காவலர்:
நண்பர்களே, சொந்தக் கதை வேண்டாம். கார்சனைப் பற்றி மட்டும் பேசுங்கள். இல்லையென்றால் திரியைப் பூட்ட வேண்டியிருக்கும்.

பழைய கையுறை:
பூட்டுவதற்கு முன் என் வரி கடைசியில் நிற்கட்டும். வில்லாக் பெனால்டியைக் கார்சன் தடுத்தார்.

கணக்குப்பிள்ளை:
நிற்காது. கோல் விழுந்தது.

ஒன்று செய்வோம். ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டுக்கு வாருங்கள். நான் பெனால்டி அடிக்கிறேன், நீங்கள் தட்டுங்கள், ரீபவுண்டை நானே உள்ளே போடுகிறேன். அப்போது தலை நிமிர்ந்து “தடுத்தேன்” என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பழைய கையுறை:
வருகிறேன். ஆறு மணிக்கு. போன தடவை மாதிரி எட்டரைக்கு எழுந்து வராதே. வரும்போது பிரியாணியைக் கொண்டு வா.

வானநீலம்:
ரீபவுண்டுக்கு யார் ஓடி வருவது? தடுப்பாட்டத்துக்கு ஆள் உண்டா?

சும்மா ஒருத்தி:
என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.