நாட்டு நாய்க்கு பின்னங்கால எடுக்கணும்னு சொல்றாங்க, எடுக்கலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

செல்வி_பட்டுக்கோட்டை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு நாய் சிட்டு, நாட்டு நாய்தான், பொட்டை, நாலு வயசு இருக்கும், பதினஞ்சு கிலோ பக்கம். போன மாசம் தெருவுல ஒரு பைக் அது இடது பின்னங்கால்ல ஏறி போயிடுச்சு. பாதத்து எலும்பு நொறுங்கி தோலும் கிழிஞ்சு கெடந்துச்சு. பக்கத்துல ஒரு க்ளினிக்ல கழுவி கட்டு போட்டு அனுப்புனாங்க. அப்புறம் மழை, கட்டு நனைஞ்சு, மாத்துறதுக்குள்ள வாடை வர ஆரம்பிச்சுது, பிரிச்சு பாத்தா புழு. புழுவ எடுத்து மருந்து போட்டாங்க, ஊசியும் போயிட்டுதான் இருந்துச்சு, ஆனா இப்ப விரலெல்லாம் கறுத்துப்போயி தொட்டா ஜில்லுனு இருக்கு, கிள்ளுனா கூட இழுக்க மாட்டேங்குது. ரெண்டு நாளா காய்ச்சல் வேற, சோறு தொடல, தண்ணி மட்டும் நக்குது.

வேற டாக்டர்ட்ட காட்டுனோம், பாதம் செத்துடுச்சும்மா, எலும்புக்குள்ளயும் இன்ஃபெக்ஷன் போயிருக்கு, இனி கால எடுத்தாதான் உசுர் நிக்கும்னு சொல்லி ஒரத்தநாடு கால்நடை காலேஜுக்கு எழுதி குடுத்துட்டாரு. அதுவும் பாதி தொடையோட எடுக்கணுமாம். கெட்டது பாதம் மட்டும்தானே, ஏன் அவ்வளவு தூரம் எடுக்கணும்னு எனக்கு புரியல. அம்மா அழுதுட்டே சொல்றாங்க, ஓடி ஆடி திரிஞ்ச ஜீவன், ஊனமாக்கி வச்சு பாக்குறதுக்கு ஊசி போட்டு அனுப்பிடலாம்னு. அப்பா இன்னும் ரெண்டு வாரம் மருந்து போட்டு பாப்போம்ங்கறாரு. எனக்கு ரெண்டும் மனசுக்கு ஒத்து வரல. மூணு காலோட ஒரு நாய் நெஜமாவே நல்லா இருக்குமா? வளத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

---

ராணிவீடு_நாகர்கோவில் எழுதியது:

செல்வி, மொதல்ல உங்க அம்மாவுக்கு சொல்லுங்க, எங்க வீட்டுல ராணின்னு ஒரு நாட்டு நாய் மூணு கால்லதான் பல வருஷமா இருக்கா, அதுவும் பின்னங்கால்தான் இல்ல. காலைல நான் பால் வாங்க கெளம்புனா எனக்கு முன்னாடி கேட்டுல நிப்பா. பூனைய பாத்தா இன்னைக்கும் விடமாட்டா. நாய்க்கு நம்மள மாதிரி கண்ணாடி முன்னாடி நின்னு எனக்கு கால் இல்லையேன்னு வருத்தப்படுற மனசு கெடையாதுங்க, வலி இருக்கா, பசிக்குதா, வீட்டு ஆளு பக்கத்துல இருக்காங்களா, அதுக்கு அவ்ளோதான் கணக்கு. இப்ப சிட்டு படுற பாடு கால் இல்லாததால இல்ல, அழுகுன கால் ஒடம்புல இருக்கறதால. அத எடுத்தா வலி போகும். ராணிக்கு ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே எந்திரிச்சு நின்னா, எனக்குதான் பாக்க தைரியம் வரல.

ரெண்டு வாரம் பாப்போம்ங்கறது வேண்டாம்னு உங்க அப்பாட்ட சொல்லுங்க. கறுத்து ஜில்லுன்னு ஆன பாதத்துல ரத்தமே ஓடாது, ரத்தம் போனாதான ஊசி மருந்து அங்க போகும்? எவ்வளவு விலை உயர்ந்த ஆன்டிபயாடிக் போட்டாலும் அந்த எடத்துக்கு போய் சேராது. அந்த ரெண்டு வாரத்துல விஷம் ஒடம்பு பூரா ஏறிடும்.

---

கால்நடை_இறுதியாண்டு எழுதியது:

அக்கா, நான் கால்நடை மருத்துவம் கடைசி வருஷம் படிக்கிறேன், டாக்டர் இன்னும் ஆகல, அதனால பாத்த டாக்டர் சொல்றதுக்கு மேல என் பேச்ச எடுத்துக்காதீங்க, வெளக்கமா மட்டும் சொல்றேன்.

ஏன் தொடை வரைக்கும்னு கேட்டீங்க. மனுஷனுக்கு முட்டிக்கு கீழ மிச்சம் வச்சா செயற்கை கால் மாட்டலாம். நாய்க்கு கொஞ்சம் மிச்சம் வச்சா அது அந்த மிச்ச கால தரையில ஊனி நடக்க பாக்கும், சிமெண்ட்லயும் தார் ரோட்டுலயும் தேஞ்சு திரும்ப புண்ணாகும், திரும்ப இன்ஃபெக்ஷன். அதான் பின்னங்கால்னா நடுத்தொடையில இல்ல இடுப்பு மூட்டுல எடுப்பாங்க, முன்னங்கால்னா பெரும்பாலும் தோள்பட்டை எலும்போட சேத்தே எடுத்துடுவாங்க. இன்னொன்னு, செத்த சதைக்கும் நல்ல சதைக்கும் எல்லைய வெளிய பாத்து சொல்ல முடியாது, நல்லா ரத்தம் ஓடுற எடத்துல வெட்டுனாதான் தையல் ஆறும். மேல தொடைச்சதை நெறைய இருக்கறதால எலும்ப மெத்தை மாதிரி மூடி தைக்கவும் வசதி.

பின்னங்கால் போனது இதுல ஒரு நல்ல விஷயம்னே சொல்லலாம். நாய் நிக்கும்போது ஒடம்பு எடையில கிட்டத்தட்ட 60 சதவீதம் முன்னங்கால் ரெண்டும்தான் தாங்குது, பின்னாடி 40 தான். அதுவும் பதினஞ்சு கிலோ, நாலு வயசு, நாட்டு ஒடம்பு. சீக்கிரம் பழகிக்கும்.

இப்ப அவசரம் காய்ச்சல். நாய்க்கு சாதாரணமாவே 101ல இருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் இருக்கும், கையால தொட்டு பாத்து முடிவு பண்ணாதீங்க, தெர்மாமீட்டர ஆசனவாய்ல வச்சு பாருங்க. 103 தாண்டி போகுது, ஈறு வெளுத்துருக்கு இல்ல செங்கல் நெறத்துக்கு செவந்துருக்கு, மூச்சு வேகமா வாங்குது, கூப்டா தலைய கூட தூக்கல, இதுல எது இருந்தாலும் நாளைக்கு காலைலன்னு வைக்காம இன்னைக்கே தூக்கிட்டு போங்க. ரத்தத்துல இன்ஃபெக்ஷன் பரவுனதுக்கு அது அடையாளம். ட்ரிப்ஸும் நரம்பு வழியா ஆன்டிபயாடிக்கும் குடுத்து ஒடம்ப கொஞ்சம் நெலைப்படுத்திட்டுதான் மயக்க மருந்தே குடுப்பாங்க.

போனா ரத்த டெஸ்ட்ல தட்டணுக்கள் எவ்வளவு இருக்குன்னு கேளுங்க. நம்ம ஊர்ல வெளிய திரியிற நாய்ங்கள்ல உண்ணிக்காய்ச்சல் ரொம்ப சகஜம், அதுல தட்டணு கொறைஞ்சுடும், ஆபரேஷன்ல ரத்தம் நிக்காது. அப்புறம் கிட்னி எப்படி இருக்குன்னும் பாக்கணும், வலி மாத்திரை குடுக்கறதுக்கு அது முக்கியம். புண்ணுல இருந்து கல்ச்சர் எடுத்தாங்களான்னும் கேளுங்க. எந்த கிருமி, அதுக்கு எந்த மருந்து கேக்கும்னு அதுல தெரியும், ரிசல்ட் வர சில நாள் ஆகும், அதுவரைக்கும் டாக்டர் அனுபவத்துல ஒன்ன போட்டுட்டு இருப்பாரு.

வலிக்குதேன்னு வீட்டுல இருக்கற பாரசிட்டமால், புரூஃபன், டைக்ளோ எதையும் தயவுசெஞ்சு குடுத்துடாதீங்க அக்கா. நாய்க்கு வயித்துல புண்ணு, கிட்னி, ஈரல்னு போயிடும். பினாயில், கரி ஆயில், மஞ்சப்பொடி எதுவும் அந்த புண்ணுல வேண்டாம்.

---

லேப்_வளர்ப்பு_கோவை எழுதியது:

எல்லாரும் எடுங்க எடுங்கன்னு சொல்றீங்க, சிட்டு விஷயத்துல நானும் அதேதான் சொல்வேன், ஆனா இத வேற ஆளுங்களும் படிப்பாங்கல்ல, அதுக்காக ஒன்னு சொல்லிடறேன். எங்களது லேப்ரடார் நாய், முப்பத்தஞ்சு கிலோவுக்கு மேல, வயசாயிடுச்சு, ஒரு பின்னங்கால்ல எலும்பு கேன்சர்னு வந்தப்ப டாக்டர் மொதல்ல பாத்தது அந்த கால இல்ல, மிச்ச மூணையும். இடுப்பு எக்ஸ்ரே எடுத்தா அடுத்த பக்க மூட்டும் தேஞ்சு போயிருந்துச்சு. எடுத்தா அந்த ஒரு மூட்டு மேலதான் மொத்த பின்பக்க பாரமும் விழும், எந்திரிக்கவே முடியாதுன்னு சொன்னாரு, நாங்க எடுக்கல, வலி தெரியாம பாத்துக்கிட்டோம். அதனால செல்வி, நீங்களும் டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேளுங்க, அந்த பைக் ஏறுனதுல இடுப்பெலும்பு, வலது கால், முதுகுத்தண்டு எல்லாம் சரியா இருக்கான்னு. அடிபட்ட நாய்க்கு கண்ணுக்கு தெரிஞ்ச காயத்த மட்டும் பாத்துட்டு மத்தத விட்டுடறது நெறைய நடக்குது.

உங்க அம்மா சொல்றதும் பாசத்துலதான், அத தப்பா எடுத்துக்காதீங்க. ராணியோட வீடியோ ஒன்னு இங்க போட்டா அவங்களுக்கு காட்டலாமே.

---

செல்வி_பட்டுக்கோட்டை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. அன்னைக்கு ராத்திரி பாத்தா 104 இருந்துச்சு, காலைல வரைக்கும் காத்திருக்கல, வண்டி பிடிச்சு தூக்கிட்டு போயி ட்ரிப்ஸ் ஏத்துனோம். தட்டணு கொறைவுதான், ஆனா ஆபரேஷன் பண்ற அளவுக்கு இருக்குன்னு சொன்னாங்க, உண்ணிக்காய்ச்சலுக்கும் மருந்து ஆரம்பிச்சாச்சு. இடுப்பு எக்ஸ்ரே சுத்தமா இருந்துச்சு, லேப் அண்ணா சொன்னதாலதான் கேட்டேன். கால எடுத்தாச்சு. காய்ச்சல் எறங்கிடுச்சு, முட்டை சாப்ட்டா. அம்மாதான் இப்ப அவ பக்கத்துலயே பாய் போட்டு படுத்துருக்காங்க, ராணி வீடியோவ அப்பாவும் நாலு தடவ பாத்துட்டாரு.

இப்ப ரெண்டு பயம். தையலுக்கு கீழ வயித்து பக்கமா புடைப்பா தொளதொளன்னு வீங்கிருக்கு. ராத்திரி நல்லா தூங்கிட்டு இருக்கறவ திடீர்னு கத்தி எந்திரிச்சு, இல்லாத கால திரும்பி திரும்பி பாக்குறா, அத பாத்தா எங்களால தாங்க முடியல. வீடு பூரா டைல்ஸ், எந்திரிச்சா வழுக்குது, அதுவும் என்ன பண்றது?

---

கால்நடை_இறுதியாண்டு எழுதியது:

ரொம்ப சந்தோஷம் அக்கா.

வீக்கம் பெரும்பாலும் நீர் கோத்ததா இருக்கும், வெட்டுன எடத்துல ஊறுற நீர் கீழ எறங்கி தொங்கும், ஆபரேஷன் முடிஞ்சு மூணு நாலு நாள்ல இது நெறைய நாய்க்கு வர்றதுதான், சின்னதா இருந்தா தானாவே உறிஞ்சிக்கும். ஊசி குத்தி எடுக்கலாமான்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க, கிருமி உள்ள போக அதுவே வழி. ஆனா தொட்டா சூடா இருக்கு, செவந்துருக்கு, சீழ் வருது, வாடை அடிக்குது, திரும்ப காய்ச்சல்னா அது வேற கதை, உடனே காட்டணும். தினமும் ஒரே வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து வைங்க, டாக்டர்ட்ட காட்ட உதவும்.

ராத்திரி கத்துறது அறுத்த நரம்போட வலியா இருக்கலாம். அறுக்கறதுக்கு முன்னாடியே நரம்புக்கு மரப்பு ஊசி போடுவாங்க, அப்படியும் சில நாய்க்கு வருது. மெலாக்ஸிகாம் மாதிரி வீக்கத்துக்கு குடுக்கற மாத்திரை இதுக்கு மட்டும் பத்தாது, நரம்பு வலிக்குன்னு கபாபென்டின் தனியா இருக்கு, அளவு டாக்டர்தான் சொல்லணும், அது குடுத்தா கொஞ்சம் மந்தமா தூங்கும், பயப்படாதீங்க. பழகிடும்னு விட்டுடாம நாளைக்கே போன் பண்ணி இப்படி கத்துதுன்னு சொல்லுங்க. வலி மாத்திரை எப்பவும் சாப்பாட்டுக்கு அப்புறம்தான், வாந்தி வந்தாலோ ஆய் கறுப்பா போனாலோ நிறுத்திட்டு கேளுங்க.

தையல் பிரிக்க 10ல இருந்து 14 நாள். அதுவரைக்கும் நக்க விடாம கழுத்துல மாட்டியிருக்கற கூம்ப கழட்டக்கூடாது, பாவமா இருக்குதான், ஆனா அஞ்சு நிமிஷம் நக்குனா போதும் தையல் பிரிஞ்சுடும். குளிப்பாட்டவும் வேண்டாம். உண்ணிக்காய்ச்சல் மாத்திரை டாக்ஸிசைக்ளின்னா பொதுவா 28 நாள் குடுப்பாங்க, நாய் துள்ளுதேன்னு நடுவுல நிறுத்திடாதீங்க.

---

ராணிவீடு_நாகர்கோவில் எழுதியது:

அம்மா பாய் போட்டு படுத்துருக்காங்கன்னு படிச்சதும் எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

டைல்ஸுக்கு காசு செலவு பண்ண வேண்டாம், அரிசி சாக்கு இருக்குல்ல, சணல் சாக்கு, அத துவைச்சு காயவச்சு அவ படுக்கற எடத்துல இருந்து தண்ணி கிண்ணம், வாசல் வரைக்கும் வரிசையா போடுங்க, ஓரம் மடங்காம டேப் ஒட்டிடுங்க. பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம், அது இன்னும் வழுக்கும். நகத்த வெட்டி விடுங்க, பாதத்துக்கு அடியில விரல் நடுவுல முடி இருந்தா அதையும். முதல் கொஞ்ச நாள் வெளிய கூட்டிட்டு போகும்போது ஒரு துண்ட வயித்துக்கு அடியில, தையல்ல படாம, பின்பக்கமா குடுத்து ரெண்டு முனையயும் லேசா தூக்கி பிடிங்க. பொட்டை நாய் உக்காந்துதானே ஒன்னுக்கு போகணும், அந்த உக்காருறதுதான் கஷ்டம், பிடிச்சா தைரியமா போவா. ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு மூணு நாள் ஆய் போகலன்னா கலங்காதீங்க, சாப்பாடே இல்லையே.

தயிர்சாதம் மட்டும் போட்டா புண்ணு ஆறாது, முட்டை, முள்ளு எடுத்த மீன், கோழி, கொஞ்சம் ஈரல்னு குடுங்க, மசாலா வெங்காயம் எதுவும் இல்லாம. ஆறுனதுக்கு அப்புறம் அளவ கொறைச்சுடுங்க. மூணு கால் நாய்க்கு எடை கூடுச்சுன்னா மிச்சமுள்ள கால் மூட்டு சீக்கிரம் கெடும், பாவம்னு எல்லாரும் ஆளுக்கொரு பிஸ்கட் போடறதுதான் பெரிய எதிரி. தெருவுல தனியா விடற பழக்கத்தையும் இதோட நிறுத்திடுங்க செல்வி, மத்த நாய் சண்டைக்கு வந்தா திரும்பி ஓட அவளால பழைய மாதிரி முடியாது, கேட்ட சாத்தியே வைங்க.

அப்புறம் இன்னொன்னு, இத எங்களுக்கு யாரும் சொல்லல. இடது பின்னங்கால் இல்லன்னா இடது காதையும் கழுத்தையும் அவளால சொறிய முடியாது. ராணி அந்த பக்கத்து இடுப்ப ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுவா, சொறியிறதா அவளுக்கு நெனப்பு. அந்த காதுலதான் உண்ணி போய் கூடு கட்டும். அதனால தினமும் அந்த பக்கம் காத மடிச்சு உள்ள பாத்து, நீங்களே நல்லா சொறிஞ்சு விடுங்க. தையல் பிரிச்சதும் சிட்டு போட்டோ போடுங்க.